மாஸ்டரின் மீன்கள்

கண்ணை மூடி வேறு உலகம் காட்டும் வி.ஆர். கண்ணாடியைக் கேன்டீன் சமையல் மாஸ்டரின் தலையில் மாட்டுவதற்கு முன் நர்ஸ் அவர் தங்கையின் வாயைத்தான் முறைத்தாள். நேற்று அந்த வாய் செய்த காரியம் அப்படி. கட்டுப் பிரிக்கும்போது மாஸ்டர் அந்தக் கண்ணாடிக்குள் ஆற்றில் படகில் போய்க்கொண்டிருந்தார். கண்ணால் குறி பார்த்தால் வலை விழும், மீன் மாட்டும். பாசம் பொறுக்காமல் இவள், "அண்ணா, வலிக்குதா?" என்று கேட்டுத் தொலைத்தாள். அவ்வளவுதான். ஆறும் போயிற்று, மீனும் போயிற்று. கேன்டீன் அடுப்பில் எண்ணெய் பற்றி வெந்த நெஞ்சும் கைகளும் திரும்பி வந்துவிட்டன. அவர் அலறிய அலறலில் வார்டே எழுந்து உட்கார்ந்தது.

"இன்னைக்கு வாயத் தெறந்தா வெளிய அனுப்பிடுவேன்," என்றாள் நர்ஸ்.

"தெறக்க மாட்டேன் தாயே."

சிறுநீரகம் நின்றுவிட்டது, இன்று தாண்டாது என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார். மார்ஃபினைக் கூட்டினால் மூச்சு அடங்கிவிடும். அதனால் பாதி ஊசி, மீதிக்கு அந்த ஆறு. போகிற உயிருக்குக் கட்டு எதற்கு என்று இவள் சண்டைக்குப் போனாள். ஊறிய கட்டோடு விட்டால் கடைசி மூச்சுவரை எரியும் என்றாள் நர்ஸ். அண்ணன் கத்திக்கொண்டே போய்விடக் கூடாது, அது ஒன்றுதான் வேண்டும் இவளுக்கு.

முதல் கட்டு பிரிந்தது. மாஸ்டரின் தாடை இறுகியது, கால்விரல்கள் மடங்கின. பாழாய்ப்போன அதே கேள்வி இவள் தொண்டைவரை வந்தது. விழுங்கினாள். ஆனால் சும்மா இருக்கவும் முடியவில்லை.

"அண்ணா, எத்தனை மீனு?"

நர்ஸின் கை அப்படியே நின்றது.

"எண்ண விட்டாத்தானே," என்றார் மாஸ்டர் மெல்ல. "வந்துட்டா."

"பெருசா?"

"எல்லாம் பொடிசு. பொரிச்சா எண்ணெய்க்குக் கேடு."

"நீ கேன்டீன்ல போடுற துண்டவிடவா பொடிசு?"

மாஸ்டர் சிரித்தார். சத்தம் வரவில்லை, வயிறு மட்டும் குலுங்கியது. "வாயி... வாயி..." என்றார். நர்ஸ் அடுத்த கட்டைப் பிரிக்கத் தொடங்கினாள்.

"இடது பக்கம் பாரு, பெருசா ஒண்ணு துள்ளுது," என்றாள் தங்கை. இவளுக்கு அங்கே வெறும் சுவர்தான் தெரிந்தது.

"ஆமாடி!" என்றார் மாஸ்டர்.

புதுக் கட்டுப் போட்டு முடித்ததும் நர்ஸ் கண்ணாடியைக் கழற்றப் போனாள்.

"இருக்கட்டும் சிஸ்டர். இன்னும் கொஞ்சம் தூரம் போயிட்டு வர்றேன்."

நர்ஸ் கையை எடுத்துக்கொண்டாள்.

மதியத்துக்குமேல் அவர் மூச்சு நின்றது, சத்தமே இல்லாமல். கண்ணாடியைக் கழற்றியபோது நெற்றியில் பட்டை அழுந்திய தடம் இருந்தது. இவள் அதைக் கட்டைவிரலால் நீவிவிட்டாள். பிறகு யார் பார்த்தால் என்ன என்று வாய்விட்டு அழுதாள். நர்ஸ் இவளை வெளியே போகச் சொல்லவில்லை.

சாயங்காலம் அண்ணனின் செருப்பையும் போர்வையையும் எடுக்க வார்டுக்குள் வந்தாள். பக்கத்துக் கட்டிலில் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தொண்டைக் குழாயோடு பேச முடியாமல் கிடந்த சின்னப் பெண்ணின் முகத்தில் துடைத்து மாட்டிய அதே கண்ணாடி. அவளுடைய அம்மா குனிந்து, "வலிக்..." என்று ஆரம்பித்தாள்.

"ஐயோ அக்கா, அதக் கேக்காதீங்க. எத்தனை மீனுன்னு கேளுங்க."

அந்த அம்மா இவளுடைய வீங்கிய முகத்தைப் பார்த்தாள். பிறகு மகள் பக்கம் திரும்பி, "எத்தனை மீனுடா கண்ணு?" என்றாள்.

கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களில் ஒன்று நிமிர்ந்தது. கொஞ்சம் பொறுத்து, இன்னொன்று.