பூச்சி பழகின இடம்

உசிலம்பட்டிச் சந்தையில் கோழி விற்கிறவர் ஒருவர், கூடைக்குப் பின்னால் சுருண்டு கிடந்த நாய்க்குட்டிகளில் ஒன்றை ஜெயக்கொடிக்குச் சும்மாவே கொடுத்தார். அதை முந்தானையில் பொதிந்து வீட்டுக்கு நடந்து வருவதற்குள் அவள் தீர்மானித்துவிட்டாள், இந்தக் குட்டி எங்கே மூத்திரம் பெய்ய வேண்டும் என்று. எதிர்வீட்டுப் பேயாண்டியின் மூஞ்சியில்.

மூஞ்சிக்குப் பஞ்சமில்லை. பேயாண்டி சிமெண்ட், கம்பிக் கடை வைத்திருக்கிறவன். தன் பிறந்தநாளுக்குத் தானே ஃப்ளெக்ஸ் அடித்து, தானே நின்று கட்டவும் வைப்பான். கறுப்புக் கண்ணாடி, வெள்ளைச் சட்டை, எல்லாப் பல்லும் தெரிகிற சிரிப்பு. விசேஷம் முடிந்துவிட்டால் ஃப்ளெக்ஸை யார் அவிழ்த்தாலும் கேள்வி இல்லை. கூரைக்குப் போடுவார்கள், மாட்டுக்குப் படுதா கட்டுவார்கள். ஜெயக்கொடியின் புருசன் முத்துக்கருப்பனும் லோடு ஆட்டோவில் மூட்டை நனையாமல் இருக்க ஒன்றைச் சுருட்டி வைத்திருந்தான். அதில் மூஞ்சி இருந்த பாகத்தை மட்டும் அரிவாள்மணையில் அறுத்தெடுத்து, பின்கட்டில் துவைகல்லுக்குப் பக்கத்தில் விரித்தாள்.

இம்புட்டு வன்மத்துக்கும் காரணம் செவலை. அவள் வளர்த்த பழைய நாய். பேயாண்டி புதுக் கார் வாங்கி வாசலில் நிறுத்திய அன்று, செவலை எந்த நாயும் செய்கிற காரியத்தை அதன் டயரில் செய்தது. பேயாண்டி தெருவில் நின்று, "தங்கச்சி, இந்த நாயி இனிமே இந்தத் தெருவுல இருக்காது, பாத்துக்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அடுத்த சந்தைநாள் மத்தியானம் செவலை வாயில் நுரை தள்ள, கால்களை இழுத்துக்கொண்டு வந்து விழுந்தது. அவள் மடியில்தான் செத்தது.

"எதையாச்சும் தின்னுருக்கும்டி. மச்சான் அப்படிப்பட்ட ஆளு இல்ல" என்றான் முத்துக்கருப்பன். அவன் வண்டிக்கு முக்கால்வாசி லோடு பேயாண்டி கடையிலிருந்துதான் வருகிறது. தெருக்காரர்களும் அதையே சொன்னார்கள். பாம்பு என்றான் பேயாண்டி, தேரை என்றார்கள் மற்றவர்கள். ஜெயக்கொடிக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். "நான்தான் வச்சேன்" என்று அவன் வாயால், நாலு பேர் காதில் விழும்படி சொல்ல வேண்டும். வாயைத் திறக்கவைக்க வழி தெரியவில்லை. தெரிகிறவரைக்கும் அவன் மூஞ்சியாவது நாறட்டும். ஊர் கூடுகிற இடத்தில், அவனுடைய புத்தம்புதிய ஃப்ளெக்ஸில் நாறட்டும். அதற்கு நாளும் தோதாக இருந்தது. அவன் மகள் சத்யப்ரியா வயசுக்கு வந்திருந்தாள். தையில் சடங்கு.

குட்டிக்குப் பூச்சி என்று பேர் வைத்தாள். பழக எவ்வளவு நாளாகும் என்று யாரைக் கேட்டாலும் ஒரு கணக்குச் சொன்னார்கள். மாட்டு மருந்துக் கடைக்காரர் ஆறு மாசம் என்றார். முத்துக்கருப்பன், "ரெண்டு அடி வச்சா ரெண்டு நாளு" என்றான். பேயாண்டியின் பெண்டாட்டி அழகம்மாள், தன் தம்பி பெங்களூரில் வளர்க்கிற நாய் இன்னும் பிள்ளைகள் மாதிரி டயப்பர்தான் போட்டுக்கொள்கிறது என்றாள்.

ஜெயக்கொடி அடிக்கவில்லை. அடித்தால் குட்டி ஒளிந்து போய்ப் பெய்யும் என்று அவளுக்குத் தெரியும். தூங்கி எழுந்தால் தூக்கிக்கொண்டு போய் ஃப்ளெக்ஸில் விட்டாள். சோறு தின்றால் விட்டாள். விளையாடுகிறபோது திடீரென்று மூக்கைத் தரையில் வைத்துச் சுற்றினால், அடுப்பில் பால் பொங்கினாலும் சரி என்று ஓடினாள். பெய்து முடித்த மறுநிமிசம் ஒரு கருவாட்டுத் துணுக்கு. நாற்றம் முற்றிலும் போய்விட்டால் குட்டிக்கு இடம் மறந்துபோகும் என்பதால், அலசும்போது கொஞ்சம் மிச்சம் வைத்து அலசினாள். வீட்டுக்குள் மற்ற இடங்களில் பெய்ததை மட்டும் வெந்நீர் ஊற்றித் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். ஒருநாள் அரிசி மூட்டையில், ஒருநாள் முத்துக்கருப்பனின் சட்டையில். தினமும் காலையில் விளக்குமாற்றால் பேயாண்டியின் மூஞ்சியைக் கழுவும்போது, மூக்கிருக்கும் இடத்தில் இரண்டு தேய்ப்பு கூடத் தேய்ப்பாள்.

"ஏண்டி, மச்சான் பாத்தா லோடு போயிரும்டி" என்று முத்துக்கருப்பன் அதைக் குப்புறப் புரட்டிப் போடுவான்.

"போகட்டும்."

"சோத்துக்கு என்ன செய்வ?"

"உங்க மச்சான் போட்ட சோறு செவலைக்கே போதும்."

அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். அவள் மறுபடி மூஞ்சி மேலே தெரியப் புரட்டிப் போடுவாள்.

ஐப்பசி பிறந்தபோது பூச்சி தானாகவே பின்கட்டுக்கு ஓடிப்போய்ப் பெய்துவிட்டு வந்து கருவாட்டுக்கு நின்றது. தெருவில் கிடந்த வேறு ஃப்ளெக்ஸ் துண்டைக் கண்டாலும் அதில்தான் ஏறி உட்கார்ந்தது. ஜெயக்கொடிக்கு வயிறு குளிர்ந்தது. அப்புறம் தீபாவளி வந்தது. ஒரு சரவெடிச் சத்தத்தில் குட்டிக்கு எல்லாம் மறந்துபோய், கட்டிலடியில், அம்மிக்கு அடியில் என்று கண்ட இடத்திலெல்லாம் பெய்யத் தொடங்கியது. முதலிலிருந்து தூக்கிக்கொண்டு ஓடினாள். கார்த்திகை முழுக்க ஓடினாள்.

சத்யப்ரியா பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பூச்சியைப் பார்க்க வருவாள். செவலைக்கும் அவள்தான் கம்பிக் கதவு வழியாக பிஸ்கட் போடுகிறவள். அது செத்தபோது சாப்பிடாமல் கிடந்து அழுதாள். அவளைப் பின்கட்டுப் பக்கம் மட்டும் ஜெயக்கொடி விடமாட்டாள். "அங்க வழுக்கும்த்தா" என்பாள்.

சடங்கன்று காலையில் எல்லாம் அவள் நினைத்தபடியே அமைந்தது. பிரிண்டிங் கடைக்காரர் ஃப்ளெக்ஸைத் தாமதமாக அனுப்பியிருந்தார். ஆட்கள் அதைத் தெருவிலேயே சட்டத்தோடு படுக்கப்போட்டு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் பந்தல், நாற்காலிகள், சொந்தபந்தங்கள். கடைக்காரர்கள்கூட இரண்டு மூன்று பேர் வந்துவிட்டார்கள். பட்டு வேட்டியில் பேயாண்டி நின்று, "மூலைய இழுத்து அடிங்கப்பா, சுருக்கம் விழுந்தா மூஞ்சி கோணும்" என்று அதட்டிக்கொண்டிருந்தான். முத்துக்கருப்பன் ஆணி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஜெயக்கொடி காலையிலிருந்து பின்கட்டுக் கதவைத் திறக்கவே இல்லை. பூச்சி முனகி முனகிச் சுற்றியது. வாசலுக்குத் தூக்கி வந்து இறக்கிவிட்டாள்.

பூச்சி நேராக ஓடிப்போய் ஃப்ளெக்ஸில் ஏறியது. பேயாண்டியின் மூஞ்சி ஆள் உயரத்துக்கு விரிந்து கிடந்தது. குட்டி மோந்து பார்த்தது. புது மையின் நெடி போல, தும்மிவிட்டு இறங்கிவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று ஜெயக்கொடி நினைக்கும்போதே அது கீழ்ப்பக்கமாகச் சுற்றி வந்து, உறவுக்காரர்களின் போட்டோக்கள் வட்ட வட்டமாக வரிசை கட்டியிருந்த இடத்தில் ஏறி, நன்றாக உட்கார்ந்து, நிதானமாகப் பெய்தது.

ஆணி அடிக்கிறவர்கள் சிரித்தார்கள். "அண்ணே, உங்க மூஞ்சிலதாண்ணே!"

சொன்னது பேயாண்டியைப் பார்த்து அல்ல, முத்துக்கருப்பனைப் பார்த்து. வட்டத்துக்குள் மீசையோடு, தலை சீவி, அவள் புருசன் இருந்தான். 'அன்பு மாப்ளைகள்' வரிசையில் இரண்டாவது. போட்டோ கொடுத்த சங்கதியை அவளிடம் அவன் மூச்சுவிடவில்லை.

எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது பேயாண்டிதான். தொடையில் தட்டிச் சிரித்தான்.

"மாப்ள! ஆளு பாத்துத்தான்யா அடிச்சிருக்கு! வளத்தவன் மூஞ்சியிலேயே! இதுக்கு முந்தி இருந்தது என் கார் டயர்ல அடிச்சுச்சு. நானா இருக்கக்கொண்டு ஒரே ஒரு கறித்துண்டுல அதோட சோலிய முடிச்சேன். நீ என்னய்யா செய்யப்போற?"

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். துண்டால் தன் போட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த முத்துக்கருப்பன் அப்படியே நிமிர்ந்தான்.

"என்ன சொன்னீங்க மச்சான்?"

"அட, வெளாட்டுக்குச் சொன்னேன் மாப்ள."

"பாம்புன்னீங்களே."

பேயாண்டி பதில் சொல்வதற்குள் அவன் பார்வை வீட்டு வாசலுக்குப் போனது. பாதித் தலைக்குப் பூ வைத்த கோலத்தில் சத்யப்ரியா அங்கே நின்றுகொண்டிருந்தாள். அப்பாவையே பார்த்தாள். உள்ளே போனாள். அறைக்கதவு தாழ்ப்பாள் விழும் சத்தம் தெருவரைக்கும் கேட்டது.

முத்துக்கருப்பன் கையிலிருந்த ஆணிகளைத் தரையில் போட்டுவிட்டு வந்து, தன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தான். "நீ சொன்னப்ப நான் கேக்கல" என்றான், அவளைப் பார்க்காமல்.

"போட்டோ குடுக்கும்போது கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன்" என்றாள். பூச்சிக்குக் கருவாடு எடுத்துப் போட்டாள். அது அதன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது.

தாய்மாமன் சீர் மேளத்தோடு தெருமுனைக்கு வந்துவிட்டது. பெண் கதவைத் திறக்கவில்லை. அழகம்மாள் புடவை கால் தடுக்க ஓடி வந்தாள்.

"மதினி, யாரு கூப்பிட்டாலும் தெறக்க மாட்டேங்கிறா. நல்ல நேரம் போகுது மதினி. நீங்க சொன்னாக் கேப்பா."

"ஏன், பெத்தவரு கூப்பிடலையா?"

"அவரு சத்தம் கேட்டாலே காதப் பொத்திக்கிட்டு அழுகுறா."

"அப்ப அவர வந்து என்னயக் கூப்பிடச் சொல்லு."

அழகம்மாள் தயங்கினாள். ஜெயக்கொடி அசையவில்லை. மேளச் சத்தம் நெருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் பேயாண்டியே தெருவைக் கடந்து வந்தான். நாற்காலிகளில் இருந்த அம்புட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தங்கச்சி, பிள்ள விசேசம். பெரிய மனசு பண்ணி ஒரு எட்டு வா."

"வாரேன். அந்தக் கதவுக்கு முன்னால நின்னு, என்ன வச்சீங்க, எதுல வச்சீங்கன்னு உங்க பிள்ளைகிட்டச் சொல்லுங்க. வாரேன்."

"இம்புட்டுச் சனத்துக்கு முன்னாலயா?"

"சனம் இருக்கத்தான் நான் வாரேங்கிறேன்."

சீர்க்காரர்கள் வாசலுக்கே வந்துவிட்டார்கள். மேளக்காரர் எதுவும் புரியாமல் அடிப்பதை நிறுத்தினார். பேயாண்டி உள்ளே நடந்தான், பின்னால் ஜெயக்கொடி. கூடத்தில் பெண்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

"அம்மாடி சத்யா," என்றான் கதவிடம். "கடையில எலிக்குன்னு வாங்குன மருந்துதான். கறியில தடவிப் போட்டேன். கோவத்துல செஞ்சுட்டேன்."

உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"ஜெயா அத்த இருக்காங்களா?"

"இருக்கேன்த்தா."

"பாம்பு கொத்துனதும் அந்த நிமிசமே உசுரு போயிருச்சுன்னு அப்பா சொன்னாரு. அது ரொம்ப நேரம் கஷ்டப்பட்டுச்சா அத்த?"

பேயாண்டி திரும்பி ஜெயக்கொடியைப் பார்த்தான். அவன் கண் கெஞ்சியது. இல்லத்தா, கொஞ்ச நேரந்தான் என்று சொல்ல அவளுக்கும் வாய் வந்தது. பிள்ளை என்ன பாவம் செய்தது? அவள் வாய் திறந்ததைப் பார்த்து, அவள் அப்படித்தான் சொல்லப்போகிறாள் என்று நம்பி, அவன் மூச்சை விட்டான். தோள் இரண்டும் தளர்ந்தன. அந்த நிம்மதியை அவனுக்குக் கொடுக்க அவளால் முடியவில்லை.

"மத்தியானத்துலருந்து சந்த கலையிற வரைக்கும்த்தா," என்றாள், கூடம் முழுக்கக் கேட்கும்படி. "என் மடியிலதான் கெடந்துச்சு. தெருவுல கால் சத்தம் கேட்டா தலையத் தூக்கித் தூக்கிப் பாத்துச்சு. நீ பள்ளிக்கூடம் விட்டு வரப்போற நேரமாச்சே அது."

உள்ளே அழுகை வந்தது. அடங்க நேரம் எடுத்தது. பிறகு தாழ்ப்பாள் விலகியது. சத்யப்ரியா முகம் வீங்கி வெளியே வந்தாள். அப்பாவைத் தாண்டிப் போய், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பந்தலுக்கு நடந்து மணையில் உட்கார்ந்தாள்.

மேளம் மறுபடி தொடங்கியது. வீடியோக்காரர் விளக்கைப் போட்டார். "அப்பா எங்கப்பா? சார், பொண்ணுக்குப் பக்கத்துல வந்து நில்லுங்க."

"வேணாம்" என்றாள் சத்யப்ரியா, நிமிராமல்.

வீடியோக்காரர் சிரித்துக்கொண்டே இன்னொரு முறை கூப்பிட்டார். அவள் இன்னொரு முறை சொன்னாள். பேயாண்டி பந்தல் கால் ஓரமாக, வைத்த கால் வைத்தபடி நின்றான். ஜெயக்கொடி ஒரு நாற்காலியை இழுத்து, அவன் முகம் நன்றாகத் தெரிகிற மாதிரிப் போட்டு உட்கார்ந்தாள். சடங்கு முடிகிறவரைக்கும் எழுந்திருக்கவில்லை.