ஓரம் தேஞ்ச விரிப்பு

ரங்கநாதன் தெருவுல கருணாகரனோட ஜவுளிக்கடைக்கு எந்தத் துணி பேல் வந்தாலும், அது முதல்ல மாடிக்குத்தான் போகும். அங்க அவரு சம்சாரம் சண்முகவடிவு அதைப் பிரிச்சு, ஒவ்வொண்ணா வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, ஓரத்தை விரலால தடவி, இது ஆகும், இது ஆகாதுன்னு ரெண்டா ஒதுக்குவா. அருப்புக்கோட்டையில தறிச் சத்தத்துக்கு நடுவுல பொறந்து வளந்தவ. துணி விஷயத்துல அவளை ஏமாத்த ஒருத்தன் இனிமேதான் பொறந்து வரணும். அந்தக் கண்ணைத்தான் சீதனமாக் கொண்டு வந்தான்னு கருணாகரன் கல்லாவுல உட்கார்ந்து பெருமை பேசுவாரு. அவகிட்ட நேராச் சொல்ல மாட்டாரு, அது வேற விஷயம்.

எழுபத்திநாலாம் வருஷம், தீபாவளிக்கு ஒரு மாசம் இருக்கு. சரக்கு ரூம்ல ஏணி மேல நின்னு பெட்டி இறக்கினவரு, பெட்டியோட சேர்ந்து தானும் இறங்கிட்டாரு. தொடை எலும்பு இடுப்போட சேர்ற இடத்துல முறிஞ்சு போச்சு. ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில பிளேட் வெச்சு ஆபரேஷன் பண்ணினாங்க. எலும்பு சேர ஆரம்பிச்சிருச்சு, இனி மெள்ள ஊன்றலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. மனுஷன்தான் எந்திரிக்க மாட்டேன்னுட்டாரு. காலைத் தரையில வெச்சா உசுரு போற வலி. "என்னைய விட்டுருங்கடா சாமி"ன்னு கும்பிட்டு மறுபடி படுத்துக்குவாரு.

டாக்டர் சண்முகவடிவைத் தனியாக் கூப்பிட்டாரு. "இங்க பாருங்கம்மா, வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ். எங்க வேலை முடிஞ்சுது. இனிமே ஆறு வாரம் தெரிஞ்சவங்க கையில இருந்து, தினம் பயிற்சி எடுத்து நடக்கணும். இந்த ஆறு வாரத்துல நடந்தா நடந்தாரு. வீட்டுல படுக்க வெச்சுப் பார்த்துக்கிட்டீங்கன்னா, அப்புறம் அவருக்குப் படுக்கைதான். நான் சும்மா பயமுறுத்தல, நிறையப் பேரைப் பாத்துட்டேன்."

ரெண்டு நர்சிங் ஹோம் பேரை எழுதிக் குடுத்தாரு. ஒண்ணு அடையாறு காந்தி நகர்ல. இன்னொண்ணு மயிலாப்பூர், லஸ்ஸுக்குப் பின்னால.

"எது நல்லதுங்க ஐயா?"

"அதை நான் சொல்லக் கூடாதும்மா. ரெண்டையும் நேர்ல பாத்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க."

சண்முகவடிவு அந்தச் சீட்டை மடிச்சு முந்தானையில முடிஞ்சுக்கிட்டா. அம்பத்தொரு வயசு மனுஷன். வீட்டுக்கு ஏற இருபத்தெட்டுப் படி. காலையில குளிச்சு விபூதி பூசிக் கடையைத் திறந்தாருன்னா ராத்திரி வரைக்கும் ஒரு இடத்துல நிக்காதவரு, இனி மாடியில படுத்து மோட்டுவளையைப் பார்த்துக்கிட்டுக் கிடக்கணுமா?

இதுக்கு நடுவுல பேச்சியம்மாள் மதினி வேற. கருணாகரனுக்கு மூத்த அக்கா. தம்பி விழுந்தான்னு தந்தி போனதும் விருதுநகர்லருந்து மூட்டையும் முடிச்சுமா வந்து இறங்கினவ. "வீட்டுல இத்தனை பொம்பளைங்க இருக்கையில எந்தம்பிய அநாதை கணக்கா எங்கயோ கொண்டு போடணுமாக்கும்? நான் மடியில வெச்சுப் பாத்துக்கிட மாட்டேனா?"

அந்த மடிதான் சண்முகவடிவுக்குப் பயம். ஆஸ்பத்திரியில சொம்பு அவரு கைக்கு எட்டுற தூரத்துல இருந்தாலும், மதினி எடுத்து வாயில ஊத்திருவா. சண்முகவடிவு மட்டும் என்ன, சளைச்சவளா? சோத்தைப் பிசைஞ்சு உருட்டி ஊட்டினவ அவதான். நம்ம பக்கம் ஒருத்தர் படுத்துட்டா அவரை ஒரு விரல் அசைய விடுறதில்லை. அசைய விட்டா பாசம் இல்லைன்னு அர்த்தம். ஊரே வந்து நின்னு பாத்துட்டு அதைத்தான் பேசும்.

மறுநாள் ரெண்டு பேரும் முதல்ல அடையாறு போனாங்க.

அடேயப்பா, என்ன இடம்! பங்களா, முன்னால புல்வெளி, ஒரு சத்தம் கிடையாது. மேனேஜர் அம்மா குளுகுளுன்னு பேசினாங்க. "எங்ககிட்ட வந்துட்டா பேஷன்ட் எதுக்கும் சிரமப்பட வேண்டாம்மா. ஒரு பெல் அடிச்சா போதும், எல்லாத்துக்கும் ஆள் இருக்கு." மதினி முகம் மலர்ந்து போச்சு.

சண்முகவடிவு கண்ணு கட்டில்மேல போச்சு. நயமான லாங்கிளாத் விரிப்பு. வெள்ளைன்னா வெள்ளை, அப்படி ஒரு வெள்ளை. காலையில பதினொரு மணி, எல்லாக் கட்டில்லயும் ஆள் படுத்திருக்கு, ஒரு விரிப்புலயாவது சுருக்கம் இருக்கணுமே? மருந்துக்கும் இல்லை. துணியை இவ்வளவு நல்லா வெச்சிருக்கிறவங்க மனுஷனையும் நல்லா வெச்சிருப்பாங்கன்னு அவ மனசுல முடிவே பண்ணிட்டா. வெளிய வர்ற வழியில ஒரு அலமாரியில துவைச்ச விரிப்பெல்லாம் அடுக்கி இருந்துச்சு. பழக்க தோஷம், ஒண்ணை உருவி வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா. நடுவுல மட்டும் நூல் தேஞ்சு சல்லடையா இருந்துச்சு, ஓரமெல்லாம் புத்தம் புதுசு. படுக்குற இடம் தேயத்தானே செய்யும்னு மடிச்சு வெச்சுட்டா.

"நடக்கப் பழக்குறதுக்கு ஆள் உண்டுல்லம்மா?"

"ஓ, இருக்காரே. வாரத்துக்கு ரெண்டு நாள் வருவார். பேஷன்ட்டுக்குப் பிரியம் இருந்தா செய்யலாம். நாங்க யாரையும் கட்டாயப்படுத்துறதில்லை."

நாளைக்கே வந்து அட்வான்ஸ் கட்டிடுறேன்னு சொல்லிட்டு வந்துட்டா.

பஸ்ல ஏறினதும் மதினி, "அதான் முடிஞ்சுதே, நேரா வீட்டுக்குப் போவோம்"னா.

"ஒரே கடையில பாத்துட்டுச் சரக்கு எடுக்குற வழக்கம் நமக்கு உண்டா மதினி? மயிலாப்பூரையும் ஒரு எட்டு பாத்துருவோம்."

மயிலாப்பூர் இடத்தைப் பார்த்ததும் மதினி வாசல்லயே முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டா. பழைய காலத்து வீடு. உள்ள ஒரே டெட்டால் வாடை, ஒரே சத்தம். நீளத் தாழ்வாரத்துல ஒரு பெரியவரு மூங்கில் கம்பைப் பிடிச்சுக்கிட்டு, "முடியலை, கொல்றாங்க"ன்னு கத்திக்கிட்டே நடந்தாரு. ஒரு அம்மா கட்டில் ஓரத்துல உட்கார்ந்து, நடுங்குற கையால தானே மோர் சோறு சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. பாதி சோறு மடியில கிடந்துச்சு. பக்கத்துலயே ஒரு ஆயா சும்மா நின்னு வேடிக்கை பார்க்குறா.

"அட பாவி! எடுத்து ஊட்டினா உன் கை தேஞ்சா போயிரும்?"னு மதினி எகிறினா.

தேவானைங்கிற அந்த ஆயா அசரலை. "ஊட்ட எனுக்கு எவ்ளோ நேரமாவும்? அஞ்சு நிமிட்டு. அப்பாலிக்கி அந்தம்மா ஊட்டுக்குப் போனா யாரு ஊட்டறது? ஒரு வாரம் முன்ன ஸ்பூனே புடிக்கல. இப்போ பாரு, தானே துண்ணுது."

சண்முகவடிவு காதுல அது விழுந்துச்சு, ஆனா கண்ணு விரிப்புல இருந்துச்சு. முரட்டுக் காடாத் துணி, வெளுத்து வெளுத்து நிறமே செத்துப் போனது. சீ, இதுலயா என் புருஷன் படுக்குறதுன்னு அவளுக்கு அழுகையே வந்துருச்சு. கிளம்பலாம்னு திரும்பினவ, சட்டுனு நின்னா. எல்லா விரிப்புலயும் ஒட்டு போட்டிருக்கு. எல்லா ஒட்டும் ஒரே பக்கத்துல, கட்டில் ஓரத்துல. நடுவுல துணி நல்லா கெட்டியாத்தான் இருக்கு. ஒரு கட்டில் இல்லை, ரெண்டு கட்டில் இல்லை, வரிசையா அத்தனையும் அப்படி.

"ஏம்மா தேவானை, விரிப்பு ஏன் ஓரத்துல மட்டும் கிழியுது?"

"இன்னாம்மா பண்றது? தெனம் இருவது தபா எறங்கிக்கினு ஏறிக்கினு கீறாங்கோ. நடக்கப் பழக்குறாரே பாய், அவரு படுக்கவே உடமாட்டாரு. ஓரத்துல குந்தி குந்தி எந்திரிச்சா துணி தாங்குமா?"

சண்முகவடிவு குனிஞ்சு ஒரு ஒட்டை விரலால தடவினா. காலையில பார்த்த விரிப்பு கண்ணு முன்னால வந்து நின்னுச்சு. நடுவுல சல்லடை, ஓரம் புதுசு. அப்போ அங்க யாருமே கட்டிலை விட்டு இறங்குறதே இல்லை! அதான் ஒரு சுருக்கமும் இல்லை! துணி அவ்வளவு பச்சையாச் சொல்லியிருக்கு, வெள்ளையைப் பார்த்து மயங்கிப் போயி காதுல வாங்காம வந்திருக்கா. ஒரு பேலை இப்படிப் பார்த்திருந்தா கடை என்னத்துக்கு ஆகும்? நல்ல வேளை, அட்வான்ஸ் கட்டலை. அவ அங்கயே ஒரு ஸ்டூல்ல உட்கார்ந்துட்டா.

தேவானை சொன்ன பாய் வந்தாரு. ஹபீபுர் ரஹ்மான்னு பேரு, ராணுவ ஆஸ்பத்திரியில பயிற்சி குடுத்து ரிட்டயரானவரு. ஒல்லியான மனுஷன், ஒரு சிரிப்பு கிடையாது. அவ கொண்டு வந்திருந்த எக்ஸ்ரே படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிச்சு ரொம்ப நேரம் பார்த்தாரு. அதுலயே சண்முகவடிவுக்கு அவரு மேல ஒரு பிடிப்பு வந்துருச்சு.

"நடப்பாரு. ஆனா மூணு கண்டிஷன். நாலுல இருந்து அஞ்சு மணி வரைக்கும்தான் வந்து பார்க்கணும். யாரும் கூடத் தங்கக் கூடாது. அவருக்கு எதையும் நீங்க எடுத்துக் குடுக்கக் கூடாது, கையைப் பிடிக்கக் கூடாது. முதல் வாரம் உங்களைத் திட்டுவாரு. ரெண்டாவது வாரம் பேச மாட்டாரு. சம்மதம்னா கூட்டிட்டு வாங்க."

"சம்மதம்"னா சண்முகவடிவு. மதினி திரும்பி அவளைப் பார்த்த பார்வையில பாலு திரிஞ்சிருக்கும்.

பாய் சொன்னது அச்சு பிசகாம நடந்துச்சு. வெள்ளிக்கிழமை கொண்டு வந்து விட்டப்பவே கருணாகரன், "என்னைத் தள்ளி விட்டுட்டு நிம்மதியா இருக்கப் பாக்குற, அப்படித்தானே?"ன்னாரு. ஒரு வாரம் போனா வந்தா திட்டு. அதுக்கப்புறம் அதுவும் நின்னு போச்சு. அவ நாலு மணிக்குப் போவா. அவரு சுவத்துப் பக்கம் திரும்பிக்குவாரு. தண்ணி டம்ளரை எட்டி எட்டி எடுக்குறதை, வலியில பல்லைக் கடிக்குறதை, இவ கையைத் தொடைக்கு அடியில வெச்சுக்கிட்டுப் பார்த்துக்கிட்டே இருப்பா. அஞ்சு மணிக்குக் கிளம்பிருவா. வீட்டுல மதினி, "கல்லு மனசுக்காரி"ம்பா. கடைக்கு வர்றவங்க, "அண்ணாச்சியை எங்கயோ விட்டுட்டீங்களாமே"ம்பாங்க. ராத்திரி அவளுக்கே சந்தேகம் வரும். அவரு நடக்கவும் இல்லாம, என்னையும் வெறுத்துட்டா, நான் என்ன செய்வேன்? வாய் விட்டு அழுதா பிள்ளைங்க எந்திரிச்சிரும்னு தலைகாணியில முகத்தைப் புதைச்சுக்குவா.

அவரு பேச்சை நிறுத்தின பன்னெண்டாம் நாள் பேய் மழை. தேனாம்பேட்டையில பஸ் நின்னுபோச்சு. இறங்கி நனைஞ்சுக்கிட்டே ஓடினா. நர்சிங் ஹோம் முன்வாசல் தெருவுல முழங்கால் தண்ணின்னு பின்பக்கத்துச் சந்து வழியா உள்ள போனப்ப மணி அஞ்சாகப் போகுது.

கட்டில்ல ஆளைக் காணோம்.

பக்கத்துல எப்பவும் நிக்கிற வாக்கரும் இல்லை. தேவானையும் இல்லை. விழுந்துட்டாரோ, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்களோ! "என்னங்க"ன்னு கூப்பிட்டுக்கிட்டே தாழ்வாரத்துக்கு ஓடினா.

தாழ்வாரத்தோட மறுகோடியில, தெருவைப் பார்த்த கம்பியை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு, வாக்கர்மேல மறு கையை ஊன்றிக்கிட்டு, கருணாகரன் நின்னுக்கிட்டு இருந்தாரு. சாரல்ல சட்டையெல்லாம் ஈரம். தண்ணி ஓடுற தெருவையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. கொஞ்சம் தள்ளி ஹபீபுர் ரஹ்மான் கையைக் கட்டிக்கிட்டு நின்னாரு. "நான் கூப்பிடலைம்மா. நாலரைக்கு அவராத்தான் எந்திரிச்சாரு. நாப்பது அடி"ன்னு அவகிட்ட மெதுவாச் சொன்னாரு.

கருணாகரன் திரும்பிப் பார்த்தாரு. "எங்க போய்த் தொலைஞ்ச இவ்வளவு நேரம்?"

பன்னெண்டு நாளைக்கப்புறம் அவரு பேசின முதல் பேச்சு அதுதான். அவ நனைஞ்ச முந்தானையைப் பிழிஞ்சா. "மழைங்க... பஸ்ஸு..."

"உன்கூடப் பேசக் கூடாதுன்னுதான் இருந்தேன்"னாரு. "மணி நாலரை ஆச்சு, உன்னைக் காணோம். கொட்டுற மழையில எங்க மாட்டிக்கிட்டியோ என்னமோ. நான் எப்படிப் படுத்துக் கிடக்குறது?"

சண்முகவடிவு தூணைப் பிடிச்சுக்கிட்டுக் கேவிக் கேவி அழுதா. அத்தனை நாளும் அடக்கி வெச்சதெல்லாம் கொட்டிருச்சு. அவரு, "சரி சரி, போதும், ஆளுங்க பாக்குறாங்க"ன்னாரு. அப்புறம் வாக்கரைத் திருப்பி, ஒவ்வொரு அடியா எடுத்து வெச்சாரு. அவ கையை நீட்டலை.

கல்யாணமாகி இருபத்திரெண்டு வருஷம். கோயிலுக்குப் போனாலும் விசேஷ வீட்டுக்குப் போனாலும் அவரு நாலடி முன்னால விறுவிறுன்னு போயிருவாரு, இவ பின்னாலயே ஓடுவா. அன்னைக்கு அந்த நாப்பது அடியும் ரெண்டு பேரும் சேர்ந்தாப்ல நடந்தாங்க.