கூப்பிடாத நாடு

லக்ஸம்பர்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றத்தின் தீர்ப்பு வானொலியில் வந்தபோது தோர்கில் வீட்டுத் தோட்டத்தில் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. மனைவி மாரென் ஒலியைக் கூட்டி வைத்தாள். யாரோ அயர்லாந்தில் தொடுத்த வழக்காம். ஐரோப்பியக் குடிமகன் ஒருவன் வேறொரு ஐரோப்பிய நாட்டில் போய் வாழ்ந்தால், அவனுடைய கணவனோ மனைவியோ எந்தக் கண்டத்திலிருந்து வந்தவராக இருந்தாலும் கூட இருக்கலாம். அதற்குக் குறுக்கே அந்தந்த நாட்டுச் சட்டம் நிற்க முடியாது என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். அப்படி வெளியே போய் வேலை பார்த்துவிட்டுத் திரும்பும் டேனிஷ்காரர்களுக்கும் இது பொருந்தும் என்றார் வானொலியில் பேசிய சட்டப் பேராசிரியர்.

மாரென் ஜன்னலில் வந்து நின்றாள்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"நம்ம பொண்ணு புருஷனோட திரும்பி வரலாம்னு சொல்றாங்க, தோர்கில்."

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். மகிழ்ச்சி வந்தது உண்மை. ஆனால் அது வந்த வழி அவருக்குப் பிடிக்கவில்லை.

தோர்கில் முப்பது வருடம் டென்மார்க்கில் தன் ஊரான டிராகோருக்கும் எதிர்க்கரையில் ஸ்வீடனின் லிம்ஹாம்னுக்கும் இடையே ஓடிய படகில் அதிகாரியாக இருந்தவர். பாலம் வந்ததும் படகு நின்றது, அவரும் ஓய்வு பெற்றார். ஐரோப்பிய ஒப்பந்தத்துக்கு 'வேண்டாம்' என்று வாக்களித்தவர். வாக்களித்ததோடு நிற்காமல் சைக்கிளில் ஊர் ஊராகத் துண்டறிக்கை கொடுத்தவர். ஒவ்வொரு ஜூன் மாதமும் அரசியல் சாசன நாளன்று துறைமுகப் புல்வெளிக் கூட்டத்தில் அவர்தான் பேசுவார். சாசனத்தின் இருபதாம் பிரிவு அவருக்கு மனப்பாடம். டென்மார்க் தன் அதிகாரத்தை வெளியே கொடுக்கலாம், ஆனால் குறிப்பிட்ட அளவுக்கு மட்டும். "அளவுக்கு மட்டும்" என்று சொல்லும்போது மேடை மேசையை விரலால் தட்டுவார். கூட்டம் கை தட்டும்.

மகள் சீட்ஸல் பொலிவியாவில் சில வருடம் பள்ளி நடத்தும் அமைப்பொன்றில் வேலை பார்த்தாள். அங்கே எத்முந்தோவைக் கல்யாணம் செய்துகொண்டு ஊருக்கு வந்தாள். அவனுக்கு இங்கே தங்க அனுமதி கிடைக்கவில்லை. தம்பதி இருவருக்கும் சேர்த்துப் பார்த்தால் டென்மார்க்கைவிடப் பொலிவியாவோடுதான் ஒட்டுறவு அதிகம் என்று அதிகாரிகள் எழுதிவிட்டார்கள். டிராகோரில் பிறந்து, டிராகோர்ப் பள்ளியில் படித்து, டிராகோர்க் கடலில் நீந்தப் பழகிய பெண் அவள். ஒட்டுறவை அளக்கும் அந்தச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியபோது தோர்கில் தவறாக ஒன்றும் நினைக்கவில்லை. அது வேறு யாருக்கோ போட்ட சட்டம் என்றிருந்தார்.

அவர்கள் லிம்ஹாம்னில் வீடு பிடித்தார்கள். ஸ்வீடனில் சீட்ஸல் அயல்நாட்டுக்காரி, ஐரோப்பியச் சட்டம் அவளுக்குப் பொருந்தியது. கணவனை வைத்துக்கொள்ள முடிந்தது. பல் மருத்துவமனை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். குழந்தை லிவா அங்கேதான் பிறந்தது. ஞாயிறுகளில் மூவரும் வருவார்கள். ரை தானிய ரொட்டியில் ஹெர்ரிங் மீன் வைத்துச் சாப்பிடுவார்கள். பேச்சு களைகட்டும் நேரம் பார்த்து சீட்ஸல் ரயிலுக்காக எழுந்து குழந்தைக்குக் கோட்டு மாட்டுவாள். வாசலில் மாரென் சிரித்தபடி கையசைப்பாள். கதவைச் சாத்திய பிறகு வெகு நேரம் பாத்திரம் கழுவுவாள்.

தீர்ப்பு வந்த அடுத்த வாரம் ஹோல்கெர் வந்தார். துண்டறிக்கைக் காலத்து நண்பர்.

"அக்கிரமத்தப் பாத்தியாடா! நம்ம நாடாளுமன்றம் போட்ட சட்டத்த, யாரும் ஓட்டுப் போடாத எவனோ லக்ஸம்பர்க்ல உக்காந்து ஓரங்கட்டறான். கூட்டம் போடறோம். நீதான் பேசணும்."

"யோசிச்சு சொல்றேன்."

"யோசிக்கறதா? நீயா?"

காபி கொண்டுவந்த மாரென் கோப்பையை ஹோல்கெரின் முன்னால் 'டக்'கென்று வைத்தாள். "எங்களுக்கு ஒரு பொண்ணு இருக்கா, ஹோல்கெர். மறந்துட்டியா?"

ஹோல்கெர் முகம் சிவந்தது. "சீட்ஸல் நல்ல பொண்ணு. அவள யாரு சொன்னா? இது கொள்கை."

"ஞாயித்துக்கிழம குழந்தைக்குக் கோட்டு மாட்டிக் கெளம்பறது கொள்கை இல்ல, அவ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

தோர்கில் கூட்டத்துக்குப் போகவில்லை. அன்று ரயிலேறி லிம்ஹாம்னுக்குப் போனார். நம் தெருமுனையில் ஒரு வீடு விலைக்கு வருகிறது, அதன் பின்கட்டை வாடகைக்கு விட்டுக் கடனைக் கட்டலாம், குழந்தைக்கு மாடியில் அறை இருக்கிறது என்று வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்.

சீட்ஸல் எல்லாவற்றையும் கேட்டாள். தலையைக் குனிந்துகொண்டு மேசை மேலிருந்த ரொட்டித்துகளை ஒன்றாகக் கூட்டினாள்.

"வரணும்னு இருக்கு அப்பா. எவ்வளவு இருக்குன்னு உனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரில எல்லாரும் நல்லாத்தான் பேசறாங்க. ஆனா நான் ஒரு ஜோக் சொன்னா ரெண்டாவது தடவ சொல்ல வேண்டியிருக்கு. லிவா என்கிட்ட ஸ்வீடிஷ்லதான் பதில் சொல்றா."

"அப்புறம் என்னம்மா? வா."

"என்னை வெளிய அனுப்பினது கோப்பன்ஹேகன். திரும்பி வரலாம்னு சொல்றது லக்ஸம்பர்க். நடுவுல என் நாடு 'வா'ன்னு ஒரு வார்த்த சொல்லலியே. மந்திரி டிவில வந்து, இந்தத் தீர்ப்ப எப்படிச் சுருக்கலாம்னு பாக்கறோம்ங்கறார். பாத்தேன். என்னப் பத்தித்தான் பேசறார். நான் உள்ள வர்றத எப்படிக் குறைக்கலாம்னு."

மந்திரி சொன்னது போன்ற வாசகத்தைத் தோர்கிலே எத்தனையோ மேடையில் சொல்லியிருக்கிறார்.

"நான் ஏதோ ஓட்டை வழியா நுழையற மாதிரி வர மாட்டேன். அவங்க கூப்பிடட்டும்."

எத்முந்தோ அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தான். அவனுடைய டேனிஷ் கொஞ்சம் தட்டுத்தடுமாறும், நிற்காது. "மாமா, என்னை இதுவரைக்கும் எந்த நாடும் கூப்பிட்டதில்ல. பொலிவியா கூட. பொறந்துட்டேன், சரின்னு விட்டுட்டாங்க. கூப்பிட்டாத்தான் போவேன்னா நான் எங்கயும் நிக்க முடியாது." சீட்ஸல் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அன்று முடிவேதும் ஆகவில்லை.

முடிவு குளிர்காலத்தில் வந்தது. மாரென் வாசல் பனியில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். சீட்ஸல் விடுப்பெடுத்து வந்து, அம்மாவைக் குளிப்பாட்டி, தலை வாரிவிட்டாள். திரும்பிப் போக வேண்டிய நாளில் எழுந்து கோட்டை எடுத்தவள், அதைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். "திரும்பி வர்றதுக்கு விண்ணப்பம் போட்டுடறேன் அப்பா" என்றாள்.

வசந்தத்தில் வந்து சேர்ந்தார்கள். எத்முந்தோவின் குடியிருப்பு அனுமதி அட்டையில், ஐரோப்பியச் சட்டப்படி வழங்கப்பட்டது என்று அச்சாகியிருந்தது. சீட்ஸல் அதை விரலால் தடவிப் பார்த்தாள். "எங்க அம்மா வீட்டுல, நான் ஐரோப்பாக்காரியா வந்து தங்கியிருக்கேன்" என்றாள். கசப்பில்லாமல்தான் சொன்னாள். தோர்கிலுக்கு அதுதான் உறைத்தது.

அந்த ஜூனில் சாசன நாள் கூட்டத்தில் அவர் பேசினார். கொடி படபடத்தது. ஹோல்கெர் முன்வரிசையில் இருந்தார்.

"இருபதாம் பிரிவ நான் இன்னும் நம்பறேன்" என்று ஆரம்பித்தார். கை தட்டினார்கள். "நம்ம சட்டத்த நாமதான் போடணும். அதனாலதான் கேக்கறேன். இந்த ஊர்ல பொறந்த பொண்ணுக்கு, உனக்கு இங்க ஒட்டுறவு பத்தலைன்னு எழுதினது யாரு? லக்ஸம்பர்க் இல்ல. நாம ஓட்டுப் போட்ட ஆளுங்க. வெளியாளு வந்து கதவத் தெறந்துவிட்டான்னு கோவப்படறோம். பூட்டினது நாமதாங்க. எனக்கு அந்தக் கோர்ட்டு இன்னும் பிடிக்கல. ஆனா என் மகள அது கூப்பிட்டுச்சு. நம்ம நாடாளுமன்றம் கூப்பிடணும்னு நான் ஆசப்பட்டேன். இப்பவும் ஆசப்படறேன்."

இம்முறை மேசையைத் தட்ட மறந்துவிட்டார். பாதிப் பேர் தரையைப் பார்த்தார்கள். பின்னாலிருந்து யாரோ, "வயசாயிடுச்சு இவருக்கு" என்றார். ஹோல்கெர் கை குலுக்காமல் எழுந்து போனார். மாரென் மட்டும் கை தட்டுவதற்குப் பதில் கைத்தடியால் நாற்காலிக் காலைத் தட்டினாள்.

வீடு திரும்பும் வழியில் சீட்ஸல் அவரோடு பின்தங்கி நடந்தாள். முன்னால் எத்முந்தோ லிவாவைத் தோளில் வைத்துக்கொண்டு ஏதோ ஸ்பானிஷ் பாட்டுப் பாடிக்கொண்டு போனான், நடுவில் மாரென் கைத்தடியை ஊன்றிப் போய்க்கொண்டிருந்தாள்.

"நல்லாப் பேசினப்பா."

"ஒருத்தர் மனசும் மாறல."

"மாறாது." வழியில் கிடந்த கல்லொன்றைக் காலால் ஓரம் தள்ளினாள். "ஆனா அது நீ பேசினது. நான் காத்துட்டிருக்கறது நாடு கூப்பிடறதுக்கு, நீ கூப்பிடறதுக்கு இல்ல."

"தெரியும்மா" என்றார் தோர்கில். அவள் வந்த பிறகும் அந்த ஒட்டுறவுச் சட்டம் அப்படியேதான் இருந்தது. அடுத்த தேர்தலுக்கு இன்னும் நாள் இருந்தது. காற்று கடல் பக்கமிருந்து வீசியது. மகள் அவர் கையைக் கோத்துக்கொண்டாள். இருவரும் மெதுவாக, மாரெனின் நடைக்கு ஏற்றபடி நடந்தார்கள்.