அல்மாரி வரைக்கும் தெரிந்த லென்ஸ்

கல்முனைப் பக்கத்துக் கலியாண வீடுகளில் பெண்கள் பக்கத்துப் படம் எடுப்பவள் ஆதிலா. ஆண்கள் பக்கத்துக்குத் தெருவுக்கு நாலு கமெராக்காரர் கிடைப்பார்கள். பெண்கள் பக்கத்துக்கு அவளை விட்டால் இன்னும் இரண்டு பேர்தான். இந்த ஆறு வருடத்தில் எத்தனையோ உம்மாமாரின் நிபந்தனைகளைக் கேட்டுவிட்டாள். ஆனாலும் சாய்ந்தமருது ஜெமீலா மாமி போட்டது புதுசு.

"டிஜிட்டல் வேணாம் புள்ள. பிலிம்ல எடு. கறுப்பு வெள்ளையா இரிந்தாலும் பறவால்ல. எங்கட ஊட்டுலயே கழுவி, சுருள என்ட கையில தந்துட்டுப் போ. ஒண்டுக்கு ரெண்டாக் கோப்பி அடிக்கப்படா."

மாமியைக் குறை சொல்லவும் முடியாது. ஆறாவது மகளின் கலியாணப் படம் ஒன்று யாரோ ஒரு சொந்தக்காரியின் போனிலிருந்து கிளம்பி, கட்டாரில் வேலை செய்யும் முன்பின் தெரியாத ஒருவன் வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. அன்றிலிருந்து மாமிக்குப் போனைக் கண்டாலே பத்திக்கொண்டு வரும். "நானும் ஒரு படத்துலயும் விழப்படா" என்பது கடைசி நிபந்தனை. அடையாள அட்டைக்கும் பாஸ்போட்டுக்கும் தவிர அவ எதற்கும் முகம் காட்டியதில்லை.

மாமியின் ஏழாவது மகள், மணப்பெண் றுஸ்தாவுக்கோ ஒரேயொரு ஆசை. அக்காமாரான ராத்தாமார் ஆறு பேரும் அவளும் ஒரே படத்தில் இருக்க வேண்டும். ஒருத்தி அக்கரைப்பற்றில், ஒருத்தி பொத்துவிலில், மூத்தவள் கட்டாரில் என்று புருசன்மாரின் வேலையோடு சிதறிக் கிடந்தவர்கள் இந்தக் கலியாணத்துக்குத்தான் ஒன்றுசேர்கிறார்கள். ஏழு பேரும் விழுந்த படம் அந்த வீட்டில் ஒன்றுகூட இல்லை.

இடம்தான் பிரச்சினை. பெண் அறையை விட்டு வெளியே வர மாட்டாள், வெளியே ஆண்கள். அந்த அறையோ சின்னது. சாகாமத்து வயலில் விளைந்ததையெல்லாம் போட்டு மாமி மகள்மாருக்கு ஆளுக்கொரு வீடு கட்டிக் கொடுத்தவ. ஆறு வீட்டுக்கு வளவுக் காணியைத் துண்டு போட்ட பிறகு ஏழாவதுக்கு எஞ்சியதில் வந்தது பன்னிரண்டடிக்குப் பதின்மூன்றடி அறை.

கலியாணத்துக்கு முதல் நாள் ஆதிலா தன் டிஜிட்டல் கமெராவோடு போய் அளவு பார்த்தாள். வழக்கமாக அவளுக்குக் கைகொடுக்கும் அகல லென்ஸ் டிஜிட்டலுக்கென்றே செய்தது, பிலிம் கமெராவுக்குச் சரிவராது. இரண்டுக்கும் பொருந்துவது ஐம்பது எம்எம் லென்ஸ் ஒன்றுதான். கதவில் முதுகை ஒட்டிக்கொண்டு அதால் பார்த்தாள். கட்டிலில் நாலு பேர் விழுவார்கள். ஐந்தாமவளின் தோள் வெட்டுப்படும். பிலிமில் இதைவிட மோசம் என்று வேறு கணக்குப் போட்டாள். ஐம்பதை ஒன்றரையால் பெருக்க வேண்டும், எழுபத்தைந்து வரும் என்று எங்கோ வாசித்திருந்தாள். எழுபத்தைந்து என்றால் இன்னும் நெருக்கமாக, இன்னும் குறைவாகத்தானே தெரியும்.

"மாமி, நீங்க இந்த அல்மாரிக்கிட்ட நில்லுங்க. உங்கட விரல் நுனியும் விழாது."

"உண்மையா?"

"நான் பொறுப்பு."

றுஸ்தாவின் முகம் சுருங்கிப் போயிற்று. "அப்ப நாங்க ஏழு பேரும்?" என்றாள். ஆதிலா லென்ஸைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள்.

பிலிம் கமெரா அக்கரைப்பற்றில், போன் திருத்தும் றஸாக்கின் கடையில் இருந்தது. மூடிப் போன ஸ்டூடியோ ஒன்றின் சாமான்களை மொத்தமாக வாங்கியபோது அதுவும் கூடவே வந்திருந்தது. கலியாணத்தன்று காலையில் ஆதிலா ஸ்கூட்டியில் பறந்து போனாள். றஸாக் துடைத்துத் தயாராக வைத்திருந்தான். "துடைச்சுத் தந்திட்டன், மத்ததெல்லாம் எனக்குத் தெரியா" என்று முன்கூட்டியே கையைக் கழுவிக்கொண்டான்.

ஆதிலா கடையின் பின்சுவரில் சாய்ந்துகொண்டு முதலில் டிஜிட்டலில் ஐம்பதைப் போட்டுப் பார்த்தாள். றஸாக்கும் பாதி மேசையும் தெரிந்தன. அதே லென்ஸைக் கழற்றிப் பிலிம் கமெராவில் பூட்டிப் பார்த்தாள். முழு மேசை, மேசைக்கு இரண்டு பக்கத்துக் கண்ணாடிப் பெட்டிகள், வாசலில் நின்ற சைக்கிளின் முன்சில்லு எல்லாம் தெரிந்தன. கண்ணை எடுத்தாள். திரும்ப வைத்தாள். சைக்கிள் அங்கேயே நின்றது.

"றஸாக், இது என்ன லென்ஸ்?"

"நீதானே கொண்டு வந்தாய்?"

அவள் பிலிம் கமெராவின் முதுகைத் திறந்தாள். பிலிம் ஓடும் சன்னலை, தன் டிஜிட்டலின் உள்ளே படம் விழும் துண்டோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிலிமின் சன்னல் ஒன்றரை மடங்கு பெரிது. அவ்வளவுதான் விஷயம். ஒரு சட்டி வட்டிலப்ப இனிப்பில் டிஜிட்டல் நடுத்துண்டை மட்டும் வெட்டி எடுக்கிறது, பிலிம் ஓரத்தையும் சேர்த்து அள்ளுகிறது. ஐம்பது பிலிமில் ஐம்பதேதான். அது எழுபத்தைந்து போல நெருங்கியது அவளுடைய டிஜிட்டலில்தான். ஆறு வருடமாக நடுத்துண்டை வைத்துக்கொண்டு, கதவிலும் சுவரிலும் முதுகைத் தேய்த்திருக்கிறாள்.

சந்தோஷத்தில் றஸாக்குக்கு சலாம் சொல்லவும் மறந்து ஸ்கூட்டியை முறுக்கினாள். ஏழு பேரும் விழுவார்கள். நிந்தவூர் தாண்டும் வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். அல்மாரிக்கிட்ட நில்லுங்க என்று மாமிக்குக் கொடுத்த வாக்கு அந்தச் சந்தோஷத்துக்குள் எங்கேயோ போய்விட்டது.

கலியாண வீட்டில் ஏழு பேரையும் ஒன்றாகப் பிடிப்பது லேசில் நடக்கவில்லை. ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போனாள், ஒருத்தி சஹன் தட்டுகளுக்குச் சோறு போடப் போனாள். சுருளில் இருந்த முப்பத்தாறில் முப்பத்தைந்து படம் முடிந்து போயிற்று. கடைசி ஒன்றை ஆதிலா அழுத்தாமல் வைத்திருந்தாள். அப்போதுதான் வாசலில் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை வந்துவிட்டார். பெண்கள் குரவை போடத் தொடங்க, ஆறு ராத்தாமாரும் அறைக்குள் ஓடி வந்து றுஸ்தாவைச் சுற்றிக் கட்டிலில் ஏறினார்கள். முன்னால் மூன்று பேர், பின்னால் நாலு பேர்.

ஆதிலா கதவில் ஒட்டிக்கொண்டு கண்ணை வைத்தாள். ஏழும் இருந்தன. வலது ஓரத்தில், அல்மாரிக்கிட்ட, சொன்ன சொல் தவறாமல் மாமியும் நின்றா.

முந்தின நாள் கொடுத்த வாக்கு ஆதிலாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. மாமி மகள்மாரைப் பார்த்து வாய் நிறையச் சிரித்துக்கொண்டு நின்றா. ஏழாவது வீட்டையும் கொடுத்து முடித்த சிரிப்பு அது. தள்ளி நில்லுங்க என்று ஒரு சொல் சொன்னால் மாமி திரும்புவா, எல்லாரும் திரும்புவார்கள், எல்லாம் குலைந்துவிடும். அடுத்த நிமிடம் மாப்பிள்ளை உள்ளே வந்துவிடுவார். மிச்சம் ஒரேயொரு படம்.

அழுத்திவிட்டாள்.

மறுநாள் காலை, குளியலறையின் காற்றுச் சன்னலைக் கறுப்பு அபாயாவால் மூடி, கதவிடுக்கில் துவாயை அடைத்து, சுருளை இருட்டில் டப்பாவுக்குள் ஏற்றினாள். மருந்து ஊற்றிக் குலுக்கும்போது ராத்தாமார் வெளியே வரிசையாக நின்று நிமிடம் எண்ணினார்கள். கழுவி எடுத்த ஈரச் சுருளை எல்லாருமாக முற்றத்துக்குக் கொண்டு வந்து வெளிச்சத்துக்குப் பிடித்தார்கள். கடைசிப் படத்தில் எல்லாமே தலைகீழ். முகங்கள் கறுப்பு, முக்காடுகள் வெள்ளை. றுஸ்தா விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். ஏழு வந்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இது ஆரு எட்டாவது?" என்றாள் பொத்துவில்காரி.

ஆதிலா மறைக்கவில்லை. "மாமி, அது நீங்க. நான் கணக்க மாத்திப் போட்டுட்டன். எடுக்கக்குள்ள கண்டன், கண்டும் நிப்பாட்டல்ல. பிழை என்டதான். நீங்க செல்லுங்க, இந்தப் படத்த இப்பவே வெட்டிருறன்."

மாமி பக்கத்து மகளை ஒட்டியே நின்றதால் அவவை மட்டும் வெட்ட முடியாது. அந்தப் படத்தை வெட்டினால் ஏழு பேரும் போய்விடுவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். றுஸ்தா உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாமி சுருளை வாங்கி, கண்ணைச் சுருக்கி, நெடுநேரம் பார்த்தா.

"நானா இது? இப்பிடியா சிரிக்கன்?"

"ஓம் மாமி."

"பல்லெல்லாம் கறுப்பா இரிக்கே."

"கடதாசியில கோப்பி போட்டா வெள்ளயா வரும். ஆனா நீங்க கோப்பி வேணாம் எண்டீங்க."

மாமி சுருளைத் திருப்பிக் கொடுத்தா. "ஊட்டுலயே வெச்சுப் போடேலுமா? போன்ல ஏறாம?"

"ஏலும். என்ட டிஜிட்டலால சுருளப் படமெடுத்து, குட்டி மெசினுல போட்டுட்டு, டிஜிட்டல்ல உள்ளத உங்கட கண்ணுக்கு முன்னால அழிச்சிருறன்."

"அப்ப போடு."

"ஏழு கோப்பியா மாமி?"

"எட்டு" என்றா மாமி. "எனக்கு வேணாமா புள்ள?"