முப்பத்து மூன்றில் ஒரு குரல்

பாட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால் அது வெறும் பட்டியல். ஒரு பாட்டின் வால் அடுத்த பாட்டின் தலைக்குள் எப்போது நுழைந்தது என்று கேட்பவருக்குத் தெரியாமல் போனால்தான் அது கலவை. யார் கேட்டாலும் ஜோவிதா இதைப் பொறுமையாக விளக்குவாள். செபு நகரத்தில் இருபது வருடமாக டிஜே வேலை பார்ப்பவள். எட்டு மாதமாகத் தன் முதல் தொகுப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். மொத்தம் பதினைந்து பாட்டு. சமார் தீவு டிஸ்கோ, மிந்தனாவோவின் வெண்கல மணிகள், எழுபதுகளின் ரேடியோ சோப்பு விளம்பரம், சவ ஊர்வலத்துக்கு வாசிக்கும் பித்தளை வாத்தியக் குழு. ஒன்றுக்கொன்று ஒட்டவே ஒட்டாத இவற்றை ஒரே மூச்சில் கேட்க வைக்க வேண்டும்.

ஏழாவது பாட்டின் மேல்தான் மொத்தமும் நின்றது. அதுவும் ஒரு தவறில் பிறந்தது.

பெரிய இசைத்தட்டு நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சுற்று சுற்றும். இரண்டே பாட்டு கொண்ட சின்னத் தட்டுக்கு நாற்பத்தைந்து. பெரியதை எடுத்துவிட்டுச் சின்னதை வைக்கும்போது பொத்தானை மாற்ற வேண்டும். அவசரத்தில் மறந்துவிடுவது டிஜேக்கள் எல்லோருமே செய்கிற தவறு. ஜோவிதாவும் ஒரு மதியம் மறந்தாள். தட்டின் நடுத்தாளில் ‘இந்தாய் ரோசல்’ என்று பெயர் அச்சிட்டிருந்தது. இந்தாய் என்பது அந்தப் பக்கத்தில் எந்தப் பெண்ணையும் செல்லமாகக் கூப்பிடும் சொல். யாரும் கேள்விப்படாத பாடகி. ஊசியை வைத்தாள். ஒரு ஆண் பாடினான்.

பெண் குரலை மெதுவாக ஓட்டினால் ஆண் குரல் மாதிரி கேட்கும். அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆனால் அப்படி ஓட்டிய குரலில் ஒரு சேறு இருக்கும். சொற்கள் இழுபடும், மூச்சு மாட்டின் பெருமூச்சு போல நீளும். இதில் டிரம் மட்டும் நனைந்த சாக்கு போல இழுபட்டது, கிடார் தூங்கி வழிந்தது. குரலோ சுத்தமாக, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருந்தது. ‘இஸ்யாங், கதவைத் திற’ என்று அவன் கூப்பிட்டான். ஜோவிதா திரும்பி வாசலைப் பார்த்துவிட்டாள்.

அன்றிலிருந்து அவளால் அந்தக் குரலை விட முடியவில்லை. மெதுவாக ஓட்டியபோது பாட்டின் தாளம் நிமிடத்துக்குத் தொண்ணூற்றிரண்டு அடியாக இறங்கி, சவ ஊர்வலக் குழுவின் நடையோடு அச்சாகப் பொருந்தியது. அவளுடைய கலவையின் முதுகெலும்பு அதுதான்.

தொகுப்பை வெளியிடப்போகும் ரோட்டர்டாம் நிறுவனத்துக்கு ஒரே நிபந்தனை: ஒவ்வொரு பாட்டுக்கும் அதைப் பாடியவரோ எழுதியவரோ, இல்லையென்றால் அவர்களுடைய வாரிசோ வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். பதினான்கு வந்துவிட்டன. இந்தாய் ரோசலைத் தெரிந்தவர் யாருமில்லை. எழுதியவர் பெயர் மட்டும் சிறிய எழுத்தில் இருந்தது: தி. கபத்திங்கன். விசாரித்துப் பார்த்ததில், தியோடுலோ கபத்திங்கன் கடலில் காணாமல் போய் நாற்பத்தேழு வருடம் ஆகிறது, மனைவி தியோனிசியா அர்காவ் என்ற கடலோர ஊரில் இருக்கிறார் என்று தெரிந்தது. புதன்கிழமை மதியம், பேட்டரியில் ஓடும் சின்ன ரெக்கார்டு பிளேயரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஜோவிதா அர்காவில் பஸ்ஸை விட்டு இறங்கினாள்.

கிழவி நன்றாகத்தான் வரவேற்றாள். கெட்டியாகக் கொக்கோ காய்ச்சி, அந்த ஊர்க் கேக்கான டோர்டாவை வெட்டி வைத்தாள்.

“டிஜேன்னா என்ன வேலை இந்தாய்?”

“மத்தவங்க பாடுன பாட்டையெல்லாம் கோத்து ஒண்ணா ஆக்குறது, மனாங்,” என்று மூத்தவளை அழைக்கும் மரியாதையோடு சொன்னாள் ஜோவிதா.

“அப்ப நீ சமைக்கிறதில்ல, பரிமாறுறே.”

“அதேதான். ஆனா சாப்பிடுறவங்க எந்திரிச்சுப் போகாம பாத்துக்கணும்.”

கிழவி சிரித்தாள். ஜோவிதா பாடகியின் பெயரைச் சொன்னதும் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது.

“யாரு?”

“இந்தாய் ரோசல். உங்க வீட்டுக்காரர்தான் எழுதிக் குடுத்திருக்காரு. அவங்க எங்க இருக்காங்கன்னு உங்களுக்கு…”

“அந்தச் சிறுக்கி பேர என் வீட்டுல சொல்லாத.” கிழவி டோர்டாத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “சந்தையில காசு போட்டா பாடுற ஜூக்பாக்ஸ் இருந்துச்சு. ஒருநாள் மீன் வாங்கிட்டு நிக்கிறேன், அதுல ஒருத்தி பாடுறா. இஸ்யாங், கதவைத் திறன்னு. இஸ்யாங் நான்டி. தியோனிசியாவ அந்தப் பேர்ல கூப்பிடுறது அவர் ஒருத்தர்தான். என் செல்லப் பேர எடுத்து அவ வாயில போட்டிருக்காரு. கேட்டேன். ‘அப்படி ஒருத்தியே இல்லடி’ன்னாரு. எல்லா ஆம்பளையும் அதத்தானே சொல்லுவான்?”

“அப்புறம்?”

“அவகிட்டயே போய்த் தொலைன்னேன். கிளம்பிட்டாரு. பொஹோல் தீவுக்குப் படகு. காத்து சரியில்லன்னு கரையில எல்லாரும் சொல்லியிருக்காங்க. படகோட பலகைகூடக் கிடைக்கல.” கொக்கோக் கோப்பையை நகர்த்தினாள். “கையெழுத்தும் இல்ல ஒண்ணும் இல்ல. கிளம்பு.”

ஜோவிதா எழுந்திருக்கவில்லை. எட்டு மாத வேலை முடிகிற இடம் இது. ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்று கெஞ்சியபடியே பிளேயரைத் திறந்து தட்டை வைத்தாள். இரண்டு மாதமாக அந்தத் தட்டை அவள் ஓட்டியதெல்லாம் ஒரே வேகத்தில்தான். பொத்தான் முப்பத்து மூன்றில் இருந்தது. கை அதை மாற்ற நினைக்கவில்லை.

டிரம் இழுபட்டு வந்தது. பிறகு அந்த ஆண், பக்கத்து நாற்காலியில் இருப்பவனைப் போல:

‘இஸ்யாங்.’

“ஓய்,” என்றாள் கிழவி.

சமையற்கட்டிலிருந்து கணவனுக்குக் குரல் கொடுக்கிற மாதிரி, அவ்வளவு சாதாரணமாக. சொன்ன பிறகுதான் அவள் கை வாய்க்குப் போனது. பாட்டு முடிகிற வரை இருவரும் அசையவில்லை. ஊசி கடைசி வளையத்தில் டிக், டிக் என்று தட்டிக்கொண்டிருந்தது.

“இது எங்க கிடைச்சுது உனக்கு? அவர் குரல் எதுலயும் இல்லயே. ஒரு போட்டோகூட…”

ஜோவிதாவுக்கு அப்போதுதான் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. பொத்தானை நாற்பத்தைந்துக்குத் தள்ளினாள். ஜூக்பாக்ஸ் பெண் கீச்சென்று எழுந்தாள். கிழவி பின்னுக்கு நகர்ந்தாள். மறுபடி முப்பத்து மூன்று. அவர்.

“ரெண்டும் ஒரே ஆளு மனாங். முதல்ல வாத்தியத்த டேப்புல பிடிச்சிருக்காங்க. அப்புறம் அந்த டேப்ப மெதுவா ஓட விட்டு, அது கூட இவர் தன் சொந்தக் குரல்ல பாடியிருக்காரு. பிறகு டேப்ப பழைய வேகத்துக்கு ஏத்திட்டாங்க. வாத்தியம் சரியாயிடும், இவர் குரல் மட்டும் ஏறிப் பொம்பளக் குரலாயிடும். நான் தெரியாம மெதுவா ஓட்டினதுல வாத்தியம் கெட்டுப்போச்சு, அவர் வெளிய வந்துட்டாரு.”

“எதுக்காம்?”

“தெரியல. பொண்ணு பாடினாத்தான் விக்கும்னு நெனச்சாங்களோ, பாட வேண்டியவ அன்னைக்கு வரலயோ. கேக்கிறதுக்கு இப்ப யாரும் உசிரோட இல்ல.”

கிழவி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்படி ஒருத்தியே இல்லன்னாரு,” என்றாள். பிறகு இன்னொரு முறை, ஜோவிதாவிடம் இல்லாமல், அதையே சொன்னாள்.

வெளியே மோட்டார் சைக்கிள் ஒன்று போய் ஓய்ந்தது. கிழவி நிமிர்ந்தாள்.

“இதுல எத ஊருக்குப் போடப்போற?”

“மெதுவா இருக்கிறத. அவர் பேரையே போடுறேன் மனாங். பாடினது தியோடுலோ கபத்திங்கன்னு.”

“வேணாம்.”

“இத்தன வருஷம் கழிச்சு அவர் பேரு…”

“கண்ணுக்குத் தெரியாத ஆள் பேர் சொல்லிக் கூப்பிட்டா பதில் சொல்லக் கூடாதுன்னு உங்க வீட்டுல சொல்லித் தரலயா? நான் சொல்லிட்டேன். அது எனக்கும் அவருக்கும் ஆச்சு. நீ போட்டியானா அவர் ஊர் ஊரா, வீடு வீடா நின்னு கதவத் தட்டணும். யாரு திறப்பா?” கிழவி மூச்சு வாங்கினாள். “அந்தப் பொம்பளையப் போடு. அவ இல்லாதவ. அவ கூப்பிட்டா யாருக்கும் ஒண்ணும் ஆகாது.”

ஜோவிதா தன் முழங்கால் மேலிருந்த படிவத்தைப் பார்த்தாள். பாட்டின் பெயருக்கு இடம் இருந்தது, வேகத்துக்கு இல்லை. கிழவி கையெழுத்துப் போட்டால் போதும், எந்த வேகத்திலும் அனுப்பலாம். ரோட்டர்டாமில் ஒருவரும் கேட்கப்போவதில்லை. நாற்பத்தைந்தில் அந்தப் பாட்டு நூற்று இருபத்து நான்கு அடி. சவ ஊர்வலத்தின் மீது அது ஓடிப்போய் மோதும். ஆறாவதிலிருந்து பதினொன்றாவது வரை எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும், இரண்டே நாளில்.

“மாட்டேன்னு சொன்னா உன் மாலை அறுந்துடும், இல்ல?” என்றாள் கிழவி.

“நடுவுல அறுந்துடும்.”

“அப்ப சொல்லு. எதப் போடுவ?”

ஜோவிதா படிவத்தின் மடிப்பை நீவினாள். கடைசியில், “அந்தப் பொம்பளைய,” என்றாள். படிவத்தை நீட்டினாள்.

கிழவி படிவத்தை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாள். பாடியவர்: இந்தாய் ரோசல். பாடியவருக்கு நீங்கள் என்ன உறவு? அந்தக் கட்டத்தின் மேல் பேனா சற்று நின்றது. பிறகு ‘மனைவி’ என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள்.

“திருப்பி அனுப்பிடுவாங்களா?”

“அனுப்பினா நான் பேசிக்கிறேன்.”

“அந்தப் பெட்டி எப்படி ஓடுதுன்னு காட்டிட்டுப் போ.”

ஜோவிதா பொறுமையாகக் காட்டினாள். இங்கே பிடித்து ஊசியைத் தூக்க வேண்டும், ஓரத்தில் வைக்க வேண்டும், பேட்டரி தீர்ந்தால் இப்படி மாற்ற வேண்டும். இந்தப் பொத்தானைத் தொடவே வேண்டாம். மடிக்கணினியில் இருக்கும் பதிவை நாற்பத்தைந்தின் வேகத்துக்கு ஏற்றிக்கொண்டு, மெதுவானதை இன்றே அழித்துவிடுவதாகவும் சொன்னாள். கிழவி தலையசைத்தாள், கண் பெட்டியை விட்டு விலகவில்லை.

படியிறங்கித் தெருவுக்கு வந்தபோது டிரம் இழுபடத் தொடங்கியது. ஜோவிதா நடையை எட்டிப் போட்டாள். இருந்தாலும் கேட்டது, ஆண் குரலும் அதற்கு வந்த பதிலும். உள்ளே தாழ்ப்பாள் விலகும் ஓசை வந்தது. சற்று முன் அவள் வெளியே வந்தபோது திறந்தே இருந்த கதவு அது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடிக்கணினியைத் திறந்து, ஆறாவது பாட்டிலிருந்து பிரிக்க ஆரம்பித்தாள்.