கரடியின் எதிரி

நேரில் என்னை யாரும் திட்டி ஐந்து வருடம் ஆகிறது. கேட்கச் சுகமாகத்தான் இருக்கும், அனுபவித்துப் பார்த்தால்தான் தெரியும். பேருந்தில் ஏறினால் நான்கு பேர் எழுந்து நிற்பார்கள். முடிவெட்டுகிறவர் காத்திருப்பவர்களைத் தாண்டி என்னைக் கூப்பிட்டு உட்காரவைப்பார். வீட்டில் என் மனைவி தட்டில் இருப்பதையெல்லாம் குழந்தைக்குச் செய்வதுபோலச் சின்னச் சின்னத் துண்டாக்கி வைப்பாள். உப்பு தூக்கல் என்று சொன்னால்கூடக் கோபித்துக்கொள்ள மாட்டாள். முன்பெல்லாம் அவள் சமையலில் உப்பைப் பற்றி வாயெடுத்திருந்தால் கரண்டி பறந்திருக்கும்.

முன்பு என்றால் என் வலது கை போவதற்கு முன்பு.

அச்சகத்தில் காகிதம் வெட்டுவது என் வேலை. அந்தப் பழைய இயந்திரத்தில் இடது பக்கம் ஒரு பொத்தான், வலது பக்கம் ஒரு பொத்தான். இரண்டையும் ஒன்றாக அழுத்தினால்தான் கத்தி இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் எந்தக் கையும் கத்திக்கு அடியில் இருக்காது, அவ்வளவுதான் அதன் சூட்சுமம். பள்ளி நோட்டுப் புத்தகங்கள் அவசரமாகத் தேவைப்பட்ட ஒரு வாரத்தில் நான் ஒரு அட்டையை மடித்து வலது பொத்தானில் செருகி, அது அழுந்தியபடியே நிற்கும்படி செய்தேன். இடது கை பொத்தானுக்கு, வலது கை காகிதம் தள்ள. வேலை பாதி நேரத்தில் முடிந்தது. மூன்று நாள் அப்படி முடிந்தது. நான்காம் நாள் இடது கை கொஞ்சம் முந்திக்கொண்டது.

முதலாளி அன்று என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும். அவர் முன்னறையில் ஒரு மேசை போட்டு, வருகிறவர்களிடம் ஆர்டர் குறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். வருகிறவர்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. மடித்து ஊசி குத்திய என் சட்டைக் கையோடுதான் பேசுவார்கள்.

அப்போதுதான் ஒருநாள் ஒரு கீபேடைக் கொண்டுவந்தான் என் மைத்துனன். கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன். அவன் கைக்கு ஓய்வு கிடைத்தாலும் வாய்க்குக் கிடைக்காது.

"மாமா, இதப் பாருங்க. ஒரு கைக்குன்னே செஞ்சது" என்று மேசையில் வைத்தான். ஒரு உள்ளங்கை அகலம்தான். விரல்கள் படுகிற இடத்தில் இருபது பொத்தான்கள், கட்டைவிரலுக்கு நாலாபக்கமும் அசைகிற ஒரு குமிழ், மணிக்கட்டைச் சாய்த்துக்கொள்ள ஒரு திண்டு.

"யாருக்குச் செஞ்சது? என்னை மாதிரி ஆளுங்களுக்கா?"

"இல்ல மாமா, ரெண்டு கையும் உள்ளவங்கதான் வாங்குறாங்க. கேம் ஆடறதுக்கு. இடது கை இதுல, வலது கை மவுஸ்ல."

"அப்ப சரி" என்றேன். ஊனமானவர்களுக்கென்று செய்த பொருளாக இருந்திருந்தால் வந்த வழியே திருப்பி அனுப்பியிருப்பேன்.

எந்தப் பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்று நாமே அதில் பதிந்துகொள்ளலாம். நான் ஆடியது கோட்டை கட்டிப் படை திரட்டி எதிராளியின் கோட்டையைப் பிடிக்கிற ஆட்டம். மவுஸ் பிடிக்கக் கை இல்லாததால் திரையில் அம்புக்குறியை நகர்த்தும் வேலையைக் கட்டைவிரல் குமிழுக்குக் கொடுத்தேன். சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு பொத்தான். அதைப் பிடித்துக்கொண்டே இருந்தால் மற்ற பொத்தான்களுக்கெல்லாம் வேறு வேலை. ஆக பத்தொன்பது முப்பத்தெட்டு ஆனது. இதெல்லாம் விரலுக்குப் பழக எட்டு மாதம் பிடித்தது. சுண்டுவிரல் வீங்கி, மோதிரம் போட்டதுபோல ஒரு தடிப்பு வந்துவிட்டது.

நான் படும் பாட்டைப் பார்த்து மைத்துனன் ஒரு யோசனை சொன்னான். "எதுக்கு மாமா கஷ்டப்படறீங்க? ஒரே பொத்தான்ல பத்து வேலைய ஏத்திடலாம். ஒரு தட்டு தட்டினா வீரனைக் கூப்பிடும், ஆயுதம் குடுக்கும், வாசலுக்கு அனுப்பும், எல்லாம் தானா நடக்கும். மேக்ரோன்னு பேரு."

"வேண்டாம். ஒரு அழுத்துக்கு ஒரு வேலை."

"வீட்ல ஆடறத யாரு வந்து கேக்கப் போறா?"

"நான் கேப்பேன்" என்றேன். ஒரு பொத்தானை ஏமாற்றி வேலை வாங்கியதற்கே வாழ்நாளுக்கும் போதுமான கூலி வாங்கியாயிற்று.

ஆட்டத்தில் என் பெயர் கரடி. மூன்றாவது மாதமே எனக்குத் தவளை என்ற பெயரில் ஒரு எதிராளி கிடைத்தான். யார், எப்படியிருப்பான் என்று தெரியாது. ஹெட்போனில் கரகரவென்று ஒரு குரல், அவ்வளவுதான். அந்தக் குரல் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் இன்னும் அப்படியே நினைவிருக்கிறது.

"டேய் கரடி, கோட்டை கட்டச் சொன்னா கோழிக்கூடு கட்டி வெச்சிருக்க?"

சொல்லிக்கொண்டே இருபது குதிரைகளை அனுப்பி என் தானியக் கிடங்கை எரித்துவிட்டான். எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்றது. கிடங்கு எரிந்ததற்கு அல்ல. ஒரு மனிதன் என்னை டேய் என்றான். என்னைத் தோற்கடித்துவிட்டு அதில் சந்தோஷப்பட்டான். அன்று ராஜாவைப்போல எழுந்துபோய்ச் சாப்பிட்டேன்.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறு மத்தியானமும் நானும் அவனும்தான். வரிசையாகப் பதினொரு முறை என்னை மண்ணைக் கவ்வவைத்தான். பன்னிரண்டாவது முறை நான் அவன் குதிரைகளை அகழிக்குள் இழுத்துவிட்டு ஜெயித்தேன். ஒரு வாரம் ஆளையே காணோம். அடுத்த வாரம் வந்து, "போன தடவ எனக்குக் காய்ச்சல், இல்லேன்னா நீயெல்லாம் ஒரு ஆளா?" என்றான். பார்சல் கிடங்கில் சுமை ஏற்றுகிற வேலை அவனுக்கு. மேலாளர் திட்டுவதையெல்லாம் சேர்த்துவைத்து ஞாயிற்றுக்கிழமை என்மீது கொட்டுவான் போலிருக்கிறது. நான் காகிதம் வெட்டுகிறவன் என்று அவனிடம் சொல்லியிருந்தேன். பாதி உண்மை.

"அந்த ஆளு உங்கள வாய்க்கு வந்தபடி பேசறான். நீங்க என்னடான்னா பல்லக் காட்டிட்டு உக்காந்திருக்கீங்க" என்று ஹெட்போனைத் தாண்டிக் கேட்கிற சத்தத்தை வைத்து மனைவி அங்கலாய்ப்பாள்.

"பேசட்டும் விடு" என்பேன். அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

இரண்டு வருடம் இப்படிப் போனது. பிறகு அறுபத்து நான்கு பேர் கலந்துகொள்ளும் ஒரு போட்டி வந்தது. ஒவ்வொருவராகக் கழன்றுபோய்க் கடைசியில் நானும் தவளையும் மிஞ்சினோம். இறுதி ஆட்டத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது நடுவர் என்னைக் கூப்பிட்டார். என்மேல் புகார் வந்திருக்கிறது. கொடுத்தவன் தவளை.

மற்றவர்கள் கட்டளைகளை மளமளவென்று கொட்டுவார்கள், பிறகு நிறுத்துவார்கள். என்னுடையவை குழாய் சொட்டுவதுபோல ஒரே சீராக விழுகின்றனவாம். மனித விரல் அப்படி ஓடாது, கரடி மேக்ரோ போடுகிறான் என்று எழுதியிருந்தான். இருபது வருடம் காகிதத்தைத் தள்ளு, தட்டிச் சரிசெய், அழுத்து என்று ஒரே தாளத்தில் வாழ்ந்தவன் நான். என் விரல் வேறு எப்படி ஓடும்?

"ரெண்டு வழி இருக்கு சார்" என்றார் நடுவர். "கேமரா முன்னாடி பத்து நிமிசம் ஆடிக் காட்டலாம், எல்லாரும் பாப்பாங்க. இல்லேன்னா நீங்களே விலகிக்கலாம். நாங்க எதுவும் வெளிய சொல்ல மாட்டோம்."

"விலகிடுங்க மாமா, எதுக்கு வம்பு?" என்றான் மைத்துனன். அவன் சொன்னதைக் கேட்டிருக்கலாம். விலகியிருந்தால் தவளை என்னை ஆயுளுக்கும் திருட்டுக் கரடி என்று கூப்பிட்டிருப்பான். இன்று அப்படி ஒருவன் கூப்பிட நான் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன். ஆனால் அன்று எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. நான் ஏமாற்றுக்காரனா? இடது கையைத்தானே காட்ட வேண்டும், காட்டிவிட்டுப் போகிறேன் என்று ரோஷத்தில் சரி சொல்லிவிட்டேன்.

கேமராவைக் கீபேடுக்கு நேர் மேலே பொருத்தினான் மைத்துனன். முந்நூறு பேர் பார்த்தார்கள். பத்து நிமிடம் ஆடினேன். ஒரு அழுத்து, ஒரு வேலை. நடுவரும் எண்ணிக்கொண்டே வந்தார். "சுத்தமா இருக்கு சார்" என்றார். எழுந்துகொள்ளப் போனேன்.

"ஒரு நிமிசம் சார். உங்க வலது கை கேமராவுல வரல. அது வேற ஏதாவது கருவியில இருக்கலாமேன்னு கேக்கறாங்க. இன்னொரு கையையும் மேசைமேல வெச்சிருங்க, முடிஞ்சுது."

கீபேடைக் கொஞ்சம் நேராக்கி வைத்தேன்.

"வையேன் கரடி" என்றது கரகரத்த குரல். "எதுக்குப் பம்முற? அந்தக் கையில என்ன ஒளிச்சு வெச்சிருக்க?"

சட்டைக் கையில் குத்தியிருந்த ஊசியைப் பல்லால் கழற்றினேன். துணியை மேலே ஒதுக்கினேன். முழங்கைக்குக் கீழே நான்கு விரற்கடை மிச்சமிருப்பதை மேசைமேல், கீபேடுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

யார் வீட்டிலோ மின்விசிறி கடகடவென்று ஓடும் சத்தம் மட்டும் ஹெட்போனில் கேட்டது. அசிங்கமாக இருந்தது. துணியை இழுத்துவிட்டுக்கொள்ளத் தோன்றியது, ஆனால் மறுபடி எதையோ ஒளிக்கிறேன் என்பார்கள். அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு வந்து குவிந்த பாராட்டுகளை என் மனைவி இரண்டு நாள் எனக்கு வாசித்துக் காட்டினாள். தன்னம்பிக்கைச் சிகரமாம் நான். தவளையிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது: "மன்னிச்சிருங்கண்ணே." அந்த 'அண்ணே'யை இரண்டு முறை படித்தேன். "அதெல்லாம் கிடக்கட்டும், ஞாயித்துக்கிழம வா, உன்னக் கவனிச்சுக்கறேன்" என்று பதில் அனுப்பினேன். கைகூப்பும் படம் ஒன்று வந்தது.

இறுதி ஆட்டத்தில் இருபதாவது நிமிடம் நான் ஒரு தப்பு செய்தேன். காவல் வீரர்களைக் கிழக்கே அனுப்பிவிட்டேன், கிடங்கு மேற்கே தனியாகக் கிடந்தது. தவளையின் குதிரைகள் மேற்கிலிருந்துதான் வந்தன. தொலைந்தேன் என்று நினைத்தேன். குதிரைகள் கிடங்கின் வேலிவரை வந்தன. நின்றன. எதையோ வீட்டில் மறந்துவிட்டு வந்தவைபோலத் திரும்பிப் போய்விட்டன. ஆறு நிமிடத்தில் நான் சாம்பியன்.

"ரொம்ப நல்லா ஆடுனீங்கண்ணே" என்றது ஹெட்போன். அந்தக் குரலில் கரகரப்புகூடக் குறைந்திருந்தது.

"அவன் விட்டுக்குடுத்துட்டான், இந்த ஆட்டம் செல்லாதுன்னு எழுதுங்க" என்றேன் நடுவரிடம்.

"உங்களுக்குத் தன்னடக்கம் ரொம்ப சார்" என்றார் அவர்.

அச்சகத்தில் முதலாளி ஆளுயரத்துக்கு ஒரு சுவரொட்டி அடித்தார். என் இடது கையும் கீபேடும், மேலே பெரிய எழுத்தில் 'ஒரு கை போதும்'. நாலு வண்ணம். அதில் பிழை இருக்கிறதா என்று பார்த்துக்கொடுக்கும் வேலையும் எனக்கே வந்தது. பிழை ஒன்றும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக்கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு தவளையைத் தனியாக அழைத்தேன்.

"யாரும் பாக்கல. நீயும் நானும்தான். குதிரைய ஏன் திருப்புன?"

"எந்தக் குதிரண்ணே?"

"நடிக்காத. என்னப் பழைய மாதிரி திட்டுடா."

"ஐயோ, அதெல்லாம் தெரியாமப் பேசினதுண்ணே. அந்த வீடியோவப் பாத்துட்டு எங்கம்மா என்னச் செருப்பால அடிக்காத குறைதான். ஒரு நல்ல மனுசனப் போய் இப்படிக் கேட்டியேடான்னு அழுதாங்க."

"உங்கம்மா நல்லா இருக்கட்டும். ஒரே ஒரு ஆட்டம் ஆடு. ஒழுங்கா ஆடு. என்னைத் தோக்கடி."

"சரிண்ணே" என்றான். நான் கேட்டதால் சரி என்றான். நான் எது கேட்டாலும் சரி என்பான் போலிருந்தது.

ஆட்டம் தொடங்கியது. பத்து நிமிடம் வழக்கம்போலக் கட்டினேன். பிறகு எல்லா வீரர்களையும் உள்ளே கூப்பிட்டுக்கொண்டேன். சுவர்மேல் ஒருவனும் இல்லை. கோட்டைக் கதவை விரியத் திறந்துவிட்டேன். கீபேடிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். இந்த ஆட்டத்தை நேற்று கற்றுக்கொண்டவன்கூட இரண்டு நிமிடத்தில் உள்ளே புகுந்து முடித்துவிடுவான்.

குதிரைகள் வந்தன, இருபதும். திறந்த கதவுக்கு எதிரே வரிசையாக நின்றன.

"வாடா" என்றேன். "வந்து எரிச்சுத் தொலை."

ஒன்றும் அசையவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். குதிரைகள் நின்ற இடத்தில் வாலை ஆட்டிக்கொண்டிருந்தன. அவன் மூச்சுவிடுவது கேட்டது. பிறகு மெல்ல, தூங்குகிறவனை எழுப்பத் தயங்குகிறவன்போலக் கேட்டான்.

"அண்ணே, கை வலிக்குதா?"

என் கை மடியிலேயே கிடந்தது.

"அவசரமில்லண்ணே. கொஞ்சம் ஓய்வெடுத்துக்கிட்டுச் சொல்லுங்க. எவ்வளவு நேரமானாலும் நான் இருக்கேன்."

நல்ல பிள்ளை. சொன்னபடியே காத்திருந்தான்.