மாக்ரெட் ஏறிய அலுமினியப் படகு

இந்தக் கதையில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. கொச்சிக்கடை அந்தோனியார் மேல் ஆணையாக உண்மை. பொய்ச்சத்தியம் செய்தவனை அந்தோனியார் எப்படிக் கவனிப்பார் என்பது கொட்டாஞ்சேனையில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியும் சந்தேகப்படுகிறவர்கள் வெள்ளவத்தைக்குப் போய்ச் சவுந்தரநாயகத்தைக் கேட்கலாம். அவர் எதையும் வீணாகச் செலவழிக்காத மனிதர், பொய் உட்பட.

கொன்ஸ்ரன்ரைன் துறைமுகத்தில் லோஞ்ச் மெக்கானிக்காக இருந்து பென்ஷன் எடுத்தவர். வேலைக்காலம் முழுக்க மற்றவர்களுடைய லோஞ்சுகளை ஓட வைத்தார். ஆனால் அவருக்கென்று மிதக்கிற சாமான் ஒன்றும் இருந்ததில்லை, குளியலறைச் சவர்க்காரப் பெட்டியைத் தவிர. அந்தக் குறை அவருக்குள் ஒரு பல்வலி போல இருந்தது. வெளியே சொல்லமாட்டார், ஆனால் ஒவ்வொரு வாய் சோற்றிலும் தெரியும்.

ஒருநாள் காலையில் அவருடைய பழைய சிநேகிதர் சவுந்தரநாயகம் வெள்ளவத்தையில் இருந்து போன் எடுத்தார்.

"ஐசே கொன்ஸ், உமக்கு ஒரு படகு வேணுமே?"

"என்ன நிலைமையில இருக்கு?"

"மிதக்காது. மற்றப்படி நல்ல படகு."

சவுந்தரநாயகத்தின் மருமகன் கனடாவுக்குப் போகும்போது மாமனாரின் கராஜில் விட்டுப்போன அலுமினியப் படகு அது. கூடவே ஒரு மோட்டாரும், படகை வைத்து இழுக்கிற ட்ரெயிலரும் இருந்தன. இப்போது கராஜை இடித்து ஃப்ளாட் கட்டப் போகிறார்கள். மருமகனைக் கேட்டதற்கு, "மாமா, அதை இன்னும் எறியேல்லையே?" என்று அவன் கேட்டானாம். மூன்றையும் ஒரு லொறியில் ஏற்றி, கொட்டாஞ்சேனை வீட்டு முற்றத்தில் இறக்கினார்கள்.

அடுப்பு வேலையை விட்டுக் குசினியில் இருந்து அவருடைய மனைவி மாக்ரெட் வந்து பார்த்தா.

"இஞ்சேருங்கோ, என்ன இது?"

"படகு."

"அது கண்ணுக்குத் தெரியுது. ஏன் எங்கட முத்தத்தில நிக்குது?"

"கடலை இஞ்ச கொண்டுவர ஏலாதே, மாக்ரெட்."

மாக்ரெட் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனா. சந்தியில் பழைய இரும்பு, பித்தளை, அலுமினியம் எடுக்கிற பலீலாவைக் கூட்டிக்கொண்டு வந்தா. பலீலா படகின் விலாவில் விரலால் தட்டி, டொக்டர் மாதிரிக் காதை வைத்துக் கேட்டாள்.

"நல்ல சரக்கு ஈக்கு, அக்கா. உருக்கினா பெரிய பெரிய சட்டியா வரும். பிரியாணிச் சட்டி."

கொன்ஸ்ரன்ரைன் படகுக்கும் பலீலாவுக்கும் நடுவில் போய் நின்றார். அவருடைய முகத்தைப் பார்த்த மாக்ரெட்டுக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தது. ஆனால் வீட்டில் ஒரு ஒழுங்கு வேண்டுமே.

"சரி. யேசு பாலன் பிறக்கிற நத்தார் வரைக்கும் தவணை தாறன். அதுக்குள்ள என்னை இதில ஏத்தி, தண்ணியில கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்து காட்டுங்கோ. காட்டினால் படகு நிக்கட்டும். இல்லையெண்டால் பலீலா கொண்டு போகட்டும். நத்தாருக்குப் பிள்ளையள் வந்தால் எனக்கு இந்த முத்தத்தில மேசை போட வேணும்."

அன்று மத்தியானம் கொன்ஸ்ரன்ரைனுக்குச் சோற்றுச் சட்டியை ஏறெடுத்துப் பார்க்கவும் மனம் வரவில்லை.

மறுநாளே வேலையைத் தொடங்கினார். ஓட்டை தேடத் தெரியாதவன்தான் படகைத் தண்ணீரில் விடுவான். தெரிந்தவன் தண்ணீரைப் படகில் விடுவான். அவர் பைப்பைப் பூட்டி, விளிம்பு வரைக்கும் படகை நிரப்பினார். தகடுகளைப் பொருத்தியிருந்த ஆணிகளில் எவையெவை தளர்ந்திருந்தனவோ, அங்கெல்லாம் வெளியே தண்ணீர் சொட்டியது. சொட்டிய இடத்தையெல்லாம் சோக்கட்டியால் வட்டம் போட்டுக்கொண்டு போனார்.

அந்த நேரம் பார்த்து லேன் முழுக்கத் தண்ணீர் வெட்டு. முதலில் பக்கத்து வீட்டுக்காரி ஒரு வாளியோடு வந்தாள். பிறகு லேனே வந்தது. ஒரு ஆணிக்கு ஒரு குடும்பம் என்று பிரித்துக்கொண்டு வரிசையாக வாளி வைத்தார்கள். ஒரு கலியாணச் சமையலுக்குப் பின்பக்கத்து ஆணி முழுவதையும் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தார்கள். பிற்பாடு கொன்ஸ்ரன்ரைன் ஆணிகளை இறுக்கி அடித்தபோது லேனில் ஒருவரும் சந்தோஷப்படவில்லை.

"அங்கிள், எங்கட ஆணியை ஏன் அடைச்சனீங்கள்? வடிவா ஓடிக்கொண்டிருந்ததுதானே."

அடுத்தது மினுக்குகிற வேலை. அலுமினியம் கிழடாகிச் சாம்பல் பூத்துப்போய் இருந்தது. கடையில் விற்கிற மருந்துகளை அவர் நம்பவில்லை. மாக்ரெட் சட்டி மினுக்குவதற்கென்று ஊறப்போட்டிருந்த கொறுக்காய்ப்புளியைக் கேட்காமல் எடுத்து, தேங்காய்த் தும்பால் தேய்த்தார். விரல் நுனியெல்லாம் கறுத்துப்போனது. படகோ கண்ணாடியாகி விட்டது. லேன் ஆம்பிளைகள் காலையில் சவர்க்கார நுரையோடு வந்து படகைப் பார்த்துச் சவரம் செய்யத் தொடங்கினார்கள். சந்திச் சலூன்காரர் வந்து, தன்னுடைய பிழைப்பில் மண்ணைப் போடவேண்டாம் என்று கையைப் பிடித்துக் கேட்டார். ஒரு காகம் படகில் தன் முகத்தைக் கண்டு காதல் கொண்டு, கூட்டத்தோடு பறக்கிறதை விட்டது. சனங்களுக்காக இல்லாவிட்டாலும் அந்தக் காகத்துக்காக அவர் பழைய சாக்கொன்றால் படகை மூடி வைத்தார்.

மோட்டார் பிடிவாதக்காரப் பிறவி. கழற்றிக் கழுவி, பிளக் மாற்றி, நீல டிரம் ஒன்றில் தண்ணீர் நிரப்பி, டிரம் விளிம்பில் மோட்டாரைப் பூட்டிக் கயிற்றை இழுத்தார். இருமியது. மறுபடி இழுத்தார். துப்பியது. மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டு ஒரு இழுவை இழுத்தார். மோட்டார் பிடித்ததுதான் தாமதம், டிரம்மோடு சேர்ந்து படலையைத் தாண்டி லேனால் போனது. சந்தியில் ஒரு பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்று, பிறகு இடப்பக்கம் திரும்பி, பாண் போடுகிற பேக்கரி வாசலில் போய் ஓய்ந்தது. கொன்ஸ்ரன்ரைன் அதை உருட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். மாக்ரெட்டுக்கு அதிலும் ஒரு குறை இருந்தது.

"போனதுதான் போனது, ஒரு றாத்தல் பாண் வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம்."

ட்ரெயிலர் வேலைக்கு மேற்பார்வை பார்க்கச் சவுந்தரநாயகம் குடையோடும் ஒரு மடக்குக் கதிரையோடும் வந்து சேர்ந்தார். கொன்ஸ்ரன்ரைன் இரும்பில் பிடித்திருந்த கறளைச் சுரண்டினார், அவர் பார்த்தார். கொன்ஸ்ரன்ரைன் பெயின்ற் அடித்தார். அவர், "அந்த மூலையை விட்டுட்டீர், ஐசே" என்றார்.

"இந்தக் கிறீஸைப் பிடியும்."

"எனக்குச் சேட்டில படும்."

"வெள்ளவத்தையில இருந்து எதுக்கு வந்தனீர்?"

"நீர் தனிய நிண்டு கஷ்டப்படுறீர் எண்டுதான்."

நத்தாருக்கு முந்தின சனிக்கிழமை எல்லாம் தயார். சவுந்தரநாயகத்தின் பழைய ஒஸ்ரின் காரில் ட்ரெயிலரைக் கொழுவி, படகை ஏற்றி, மட்டக்குளிப் பக்கம் களனி கங்கைக் கரைக்குப் புறப்பட்டார்கள். கிறீஸ் போட்டது கொஞ்சம் அதிகப்பட்டுப் போய்விட்டது. இறக்கத்தில் ட்ரெயிலர், தன்னை இழுத்துக்கொண்டு போன காரை முந்தப் பார்த்தது. சவுந்தரநாயகம் ஒழுங்கான சாரதி. கையை வெளியே நீட்டி, போகலாம் என்று அதற்குச் சைகை காட்டினார்.

ஆற்றங்கரையில் பங்குச் சுவாமி காத்துக்கொண்டு நின்றார். செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து முடித்தார். சவுந்தரநாயகம் வேட்டியை இழுத்துக் கட்டினார்.

"சுவாமி, உங்கட பக்கம் முடிஞ்சுதே? இனி எங்கட பக்கம்."

ட்ரெயிலரின் சில்லுகளுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசித்தார். பிறகு பையில் இருந்து தேங்காயை எடுத்து, படகுக்கு முன்னால் நிலத்தில் அடிக்கப் போனார். கொன்ஸ்ரன்ரைன் தடுத்தார்.

"ஐசே, நிலத்தில ஏன் அடிக்கிறீர்? நிலமே ஓடப்போகுது? கப்பலுக்குப் போத்தல் உடைக்கிறது மூக்கிலதான். துறைமுகத்தில நான் எத்தினை பார்த்திருப்பன்."

"இது தேங்காய், ஐசே."

"இது படகு. மூக்கில அடியும்."

சவுந்தரநாயகம் பிள்ளையாரை நினைத்து, உச்சியில் இருந்து இறக்கிப் படகின் மூக்கில் ஒரு அடி அடித்தார். தேங்காய் உடையவில்லை. அது உருண்டு போய்ப் புல்லில் சுகமாகப் படுத்தது. படகின் மூக்கில்தான் ஒரு ஓட்டை, அந்தத் தேங்காய் உள்ளே போய் வரக்கூடிய அளவில்.

மாக்ரெட் அந்த நேரம் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் பார்த்து நின்றதால் இதைக் காணவில்லை. கொன்ஸ்ரன்ரைன் தொப்பியைக் கழற்றி ஓட்டைக்கு முன்னால் பிடித்தார். இன்றைக்கு விட்டால் வேறு நாள் இல்லை. படகு சட்டியாகிவிடும். அவர் மெக்கானிக் மூளையால் யோசித்தார். மோட்டார் படகு வேகம் பிடித்தால் மூக்கைத் தூக்கும். மூக்குத் தூக்கினால் ஓட்டை தண்ணீருக்கு மேலே. ஆகவே இந்தப் படகு தாழாது, ஓடிக்கொண்டிருக்கும் மட்டும். நிற்பாட்டக் கூடாது, அவ்வளவுதான்.

"மாக்ரெட், கெதியா ஏறும்."

படகு கரையை விட்டபோது ஒரு கொக்கு அதைப் பார்த்துத் தன்னுடைய மீனைத் தவறவிட்டது. மாக்ரெட் நடுப்பலகையில் நிமிர்ந்திருந்து குடையை விரித்தா. குடைக்குள் காற்றுப் புகுந்து, படகு இன்னும் ஒரு மடங்கு வேகம் எடுத்தது.

"நல்லாத்தான் ஓடுது. கொஞ்சம் மெதுவா விடுங்கோவன்."

"ஏலாது."

"ஏன் ஏலாது?"

"இது அந்த மாதிரிப் படகு இல்லை."

விக்டோரியா பாலம் தலைக்கு மேலால் போனது. மணல் தோணிக்காரன் ஒருவன் எழும்பி நின்று, "அய்யே, நவத்தன்ன!" என்று நிற்பாட்டச் சொல்லிக் கத்தினான். கொன்ஸ்ரன்ரைன், "பே மல்லி, பே!" என்று முடியாத கதையைச் சொல்லிக்கொண்டே அவனைக் கடந்தார். களனியில் புத்த விகாரைக்குப் பூத்தட்டோடு வந்து படியிறங்கி நின்ற பக்தர்கள் படகு மினுங்கி வருவதைக் கண்டு "சாது, சாது" என்றார்கள். மாக்ரெட் மரியாதைக்குத் தலையைக் குனிந்தா. அங்கே ஒரு வட்டம் அடித்துத் திரும்பினார்கள். திரும்பிப் பாதி வழியில் மோட்டார் இருமத் தொடங்கியது. பெற்றோல் முடியப் போகிறது. மூக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பதிந்தது.

கரை ரோட்டில் சவுந்தரநாயகம் காரை ஓட்டிக்கொண்டு கூடவே வந்தார். அவர் நிலைமையை விளங்கிக்கொண்டு, கரை சரிந்திருந்த இடமொன்றில் காரைப் பின்னுக்கு எடுத்து, ட்ரெயிலரைத் தண்ணீர் ஓரமாக வைத்தார். கொன்ஸ்ரன்ரைன் கடைசிச் சொட்டுப் பெற்றோலில் குறி பார்த்தார். படகு தண்ணீரை விட்டு எழும்பி, காற்றில் கொஞ்சம் நிதானித்து, ட்ரெயிலரில் ஒரு அங்குலமும் பிசகாமல் வந்து இருந்தது. வந்த வேகத்தில் கார் கொட்டாஞ்சேனை மட்டும் எஞ்சின் போடாமலே போய்ச் சேர்ந்தது. சவுந்தரநாயகத்துக்கு அந்த முழுப் பயணத்திலும் பிடித்த பகுதி அதுதான்.

நத்தாருக்கு முதல்நாள் பலீலா கைவண்டியும் இரண்டு ஆட்களுமாக வந்தாள். கொன்ஸ்ரன்ரைன் அவளை முற்றத்தில் மறித்து, மேலே சொன்னதையெல்லாம் ஒன்றும் விடாமல் சொன்னார். மூக்கிலே புதுத் தகடு வைத்து அடித்திருந்த இடத்தையும் அத்தாட்சியாகக் காட்டினார். பலீலா முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு குனிந்து ட்ரெயிலரின் கீழ்ப்பக்கத்தை ஒருதரம் பார்த்தாள். நிமிர்ந்து குசினிப் பக்கம் திரும்பினாள்.

"மாக்ரெட் அக்கா, நீங்க சொல்லுங்க. படகு ஓடிச்சா?"

மாக்ரெட் நத்தார்ப் பலகாரத்துக்குக் கொக்கிஸ் சுட்டுக்கொண்டிருந்தா. அச்சை எண்ணெயில் வைத்தபடியே முற்றத்தைப் பார்த்தா. படகைப் பார்த்தா. கொன்ஸ்ரன்ரைன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொறுக்காய்ப்புளி கறுக்க வைத்த விரல்களைச் உடுத்திருந்த சாரத்தின் மடிப்புக்குள் மறைத்திருந்தார். எண்ணெயில் கொக்கிஸ் ஒன்று கருகியது.

"ஓடினது" என்றா மாக்ரெட். "நான் இருந்தனான்."

"எங்க மட்டும்?"

"களனி மட்டும். குடையும் நனைஞ்சு போச்சுது."

பலீலா மாக்ரெட்டைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"அப்ப சரி, அக்கா. சட்டி வேற எடத்தில பாக்கிறேன்."

போகும்போது அவளுடைய கையில் ஒரு தட்டம் கொக்கிஸ் போனது. கைவண்டி வெறுமையாகப் போனது. மாக்ரெட் கருகியதை எடுத்து ஒதுக்கிப் போட்டா.

"அடுத்த முறை கொஞ்சம் மெதுவா ஓடுங்கோ" என்றா, திரும்பிப் பார்க்காமல்.

லொறியில் வந்து இறங்கிய நாளில் இருந்து இன்றுவரைக்கும் அந்த ட்ரெயிலருக்குச் சில்லுப் பூட்டவில்லை.